முதலாளியின் படகில் ஒழுகிய தண்ணீர்

முதலாளி கூப்பிட்டபோது நான் பனியன் தைக்கிற பேட்லாக் மெஷின் ஒன்றைக் கழற்றிப் போட்டிருந்தேன். திருப்பூரில் அந்த பனியன் கம்பெனியில் தையல் மெஷின் மெக்கானிக்காகப் பதினோரு வருடம் இருந்தேன். ஊசி உடைந்தால், நூல் அறுந்தால், மோட்டார் புகைந்தால் என்னைத் தேடுவார்கள். அன்றைக்கு முதலாளி தேடியது வேறு காரியத்துக்கு.

"உங்களுக்குத் தூத்துக்குடிப் பக்கந்தானுங்களே?"

"ஆமா சார்."

"அப்பப் படகு வேலையெல்லாம் தெரியுமுங்க."

தெரியாது என்றேன். என் அப்பா உப்பளத்துக் கூலி. கடலைப் பார்த்திருக்கிறோம், படகில் ஏறியதில்லை. அவர் அதைக் காதில் வாங்கவே இல்லை. உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே அவருக்கு ஒரு தென்னந்தோப்பு இருந்தது. அங்கே நாலு அறை கட்டி வாடகைக்கு விட்டிருந்தார். பாசனத்துக்கு வெட்டிய பெரிய குட்டையில் விடுவதற்காக, பாண்டிச்சேரியில் யாரோ கழித்துப்போட்ட பழைய பாய்மரப் படகு ஒன்றை லாரியில் ஏற்றிவந்திருந்தார். வருகிறவர்கள் ஏறிப் போட்டோ எடுத்துக்கொள்ள. அதில் தண்ணீர் ஏறுகிறதாம்.

"ஞாயித்துக்கெழம சும்மாதானுங்களே இருப்பீங்க. ஒரு எட்டுப் போயிப் பாத்துட்டு வந்துருங்களேன்."

அவர் யாரையும் அதட்டிப் பேச மாட்டார். வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போடுவார். அதனாலேயே மறுக்க முடியாது. அதட்டியிருந்தால் அன்றே முடியாது என்றிருப்பேன் என்று பிறகு பலமுறை நினைத்திருக்கிறேன்.

முதல் ஞாயிறு, சர்ச்சில் பூசைக்குப் போகாமல் பஸ் ஏறினேன். தோப்பை முதலாளியின் மச்சினன் பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை, கையில் எப்போதும் போன். படகு பதினைந்தடி நீளம், பைபர். வெயிலில் வெளுத்துப்போன உடம்பில் புது நீலப் பெயின்ட். உள்ளே பிளைவுட் தரை போட்டு, அதன்மேல் பச்சைக் கார்ப்பெட் ஒட்டியிருந்தார்கள். பின்பக்க மூலையில் ஒரு சாண் தண்ணீர் நின்றது. அதற்கு நேர் கீழே, சுக்கான் மாட்டுகிற இடத்தில், மயிரிழை போல ஒரு விரிசல். இதுதான் என்று முடிவு செய்தேன். தண்ணீர்த் தொட்டிகளுக்குப் பைபர் ஒட்டிய பழக்கம் எனக்கு உண்டு. பின்பக்கத்தை மட்டும் கரையில் இழுத்துவைத்து, ரெசின் பசையும் கண்ணாடி இழைத் துணியும் வைத்து ஒட்டிவிட்டு இருட்டுகிற நேரத்துக்கு வீடு திரும்பினேன்.

வியாழக்கிழமை மச்சினன் போன் செய்தார். "மறுபடியும் தண்ணி நிக்குதுங்க. ஒழுங்கா ஒட்டலீங்களா?"

அந்தக் கேள்வி எனக்குள் முள்ளாக நின்றது. ஒட்டிய இடத்தை நான் இரண்டு முறை தேய்த்துப் பார்த்தவன். இரண்டாவது ஞாயிறு கிளம்பும்போது என் மனைவி, பிள்ளைக்குத் தலை பின்னிக்கொண்டே, "இன்னிக்கும் போறியளா?" என்றாள். அதற்குமேல் ஏதாவது சொல்லியிருந்தால் பதிலுக்குச் சண்டை போட்டாவது ஆறியிருப்பேன்.

அன்று படகின் நடுவில், படகு சாயாமலிருக்கத் தண்ணீருக்குள் அடிப்பலகையை இறக்குகிற பொந்தைச் சுற்றியிருந்த ஓட்டையெல்லாம் அடைத்தேன். தரையைக் கழற்றிப் பார்க்க வேண்டும் என்றேன். மச்சினன், "கார்ப்பெட் வீணாப்போயிருமுங்க, அதத் தொடாதீங்க" என்றார். சரி, ஒழுக்கு நிற்கும்வரை ஒருவரையும் ஏற்றாதீர்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். தலையாட்டினார்.

மூன்றாவது ஞாயிறு நான் தோப்புக்குள் நுழைந்தபோது படகு குட்டையின் நடுவில் இருந்தது. ஒரு குடும்பம், ஆறு பேர். அதில் இரண்டு சின்னக் குழந்தைகள். ஒருவருக்கும் மிதவைச் சட்டை இல்லை. வாரம் முழுக்கத் தரைக்கு அடியில் சேர்ந்த தண்ணீரின் மேல் ஆறு பேர் ஏறியதில் பின்பக்கம் முழுகிக்கொண்டிருந்தது. அவர்கள் கணுக்கால் நனைய நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் குட்டை நடுவில் இரண்டாள் ஆழம். சரிவெல்லாம் கறுப்பு பிளாஸ்டிக் விரித்தது. பாசி பிடித்த அந்த விரிப்பில் விழுந்தவன் நீச்சல் தெரிந்தாலும் ஏறி வர முடியாது.

படகின் கயிறு கரையில் கட்டியிருந்தது. நானும் தோட்டத்து வாட்ச்மேனும் சேர்ந்து இழுத்தோம். கரைக்கு வந்ததும் குழந்தைகளின் அப்பா என் அழுக்குச் சட்டையைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"நீதான் மெக்கானிக்கா? இப்படி ஓட்டப் படகத்தான் ரிப்பேர் பண்ணி விடுவியா? புள்ளைங்க இருக்காங்கன்னு தெரியாதா?"

மச்சினன் பக்கத்திலேயே நின்றார். ஒருவரையும் ஏற்றாதீர்கள் என்று நான் சொன்னதை அவர் சொல்வார் என்று ஒரு நிமிடம் காத்திருந்தேன், போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் குடும்பம் போன பிறகு நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று முழுதாக நினைவில்லை. "ரெண்டு புள்ளையளும் செத்துருக்கும்" என்றது மட்டும் நினைவிருக்கிறது.

"ஏனுங்க இப்படிச் சத்தம் போடறீங்க? ஒண்ணும் ஆகலீங்களே" என்றார்.

படகை முழுதாகத் தரைக்கு ஏற்றாமல் இனி தொட மாட்டேன் என்றேன். டிராக்டரை வைத்து இழுத்து, பழைய டயர்கள் மேல் உட்கார வைத்தோம். கார்ப்பெட் இருந்தபடியே இருக்கட்டும், எனக்கு வேறு வழி இருந்தது. அடுத்த வீட்டுக்காரர் சாயப்பட்டறையில் வேலை செய்கிறவர். அவரிடம் ஒரு பொட்டலம் சிவப்புச் சாயப்பொடி வாங்கி வந்திருந்தேன். வெளியிலிருந்து உள்ளே வருவது தெரியவில்லை என்றால் உள்ளிருந்து வெளியே விட்டுப் பார்ப்போம் என்று வாரம் முழுக்க யோசித்திருந்தேன். சாயத்தைக் கரைத்துப் படகுக்குள் அரையடி உயரத்துக்கு ஊற்றினேன். அடிப்பக்கத்தைத் துணியால் துடைத்துவிட்டு மல்லாந்து படுத்தேன்.

முக்கால் மணி நேரம் ஒன்றும் இல்லை. பின்பக்கம் நான் ஒட்டிய இடமும் நடுப்பொந்தும் காய்ந்து கிடந்தன. பிறகு முன்பக்கத்தில், நான் பார்க்கவே நினைக்காத இடத்தில், ஒரு சிவப்புப் புள்ளி வந்தது. ஒரு சாண் தள்ளி இன்னொன்று. அப்புறம் வரிசையாக ஏழு. எல்லாம் ஒரே இடைவெளியில். விரிசல் அப்படி அளந்து விடாது.

பெயின்ட்டைச் சுரண்டினேன். உள்ளே இரும்பு பளபளத்தது. பிளைவுட் தரையை முடுக்கிய ஸ்க்ரூக்கள் படகின் அடியையே துளைத்து வெளியே வந்திருந்தன. வெளியே நீட்டிய முனைகளை யாரோ அரைத்துத் தள்ளிவிட்டு, மேலே நீலம் அடித்திருந்தார்கள். தண்ணீர் முன்னால் ஏறி, தரைக்கு அடியிலேயே ஓடி, தாழ்ந்திருந்த பின்பக்கம் போய் நின்றது. இரண்டு ஞாயிறும் நான் தண்ணீர் ஏறாத இடங்களையே அடைத்துக்கொண்டிருந்தேன்.

வாட்ச்மேன் என் பக்கத்தில் குந்தினார். குரலைத் தாழ்த்திச் சொன்னார். "மச்சினருதானுங்க ஆசாரிய வெச்சுப் போட்டாரு. வெளிய வந்துருச்சுன்னு ஆசாரி அப்பவே சொன்னானுங்க. அரச்சு உட்டுப் பெயின்ட் அடிச்சிருன்னுட்டாரு. என்ற பேரச் சொல்லீராதீங்க சாமி."

"மொத வாரமே சொல்லக் கூடாதா அண்ணாச்சி?"

"இங்கதானுங்களே நான் குடியிருக்கறேன்" என்றார். அவர்மேல் கோபப்பட என்னால் முடியவில்லை.

அங்கேயே முதலாளிக்குப் போன் போட்டேன். வாட்ச்மேன் பேரை விட்டுவிட்டு, ஸ்க்ரூவை, பெயின்ட்டை, குழந்தைகளை, எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி உடுங்க, தெரியாமப் பண்ணிட்டாப்பல. இப்ப அடச்சிரலாமுங்களா?" என்றார்.

அரைத்துப் பெயின்ட் அடித்தது தெரியாமலா?

கார்ப்பெட்டைக் கிழித்தேன். யாரிடமும் கேட்கவில்லை. தரையைக் கழற்றி, ஸ்க்ரூ ஒவ்வொன்றையும் எடுத்து, துளையைச் சுற்றிச் சரிவாகத் தேய்த்து, உள்ளும் புறமும் மூன்று மடிப்பு இழைத் துணி வைத்து ஒட்டினேன். கோபத்தில் செய்த வேலைதான், ஆனால் என் கையால் செய்ததில் அதைப் போலச் சுத்தமான வேலை குறைவு. ஒரு வாரம் காய விட்டேன். நான்காவது ஞாயிறு காலையில் படகை இறக்கி, உள்ளே அடியில் செய்தித்தாள் விரித்து, சாயங்காலம் வரை கரையில் உட்கார்ந்திருந்தேன். தாளை எடுத்தபோது மொறுமொறுவென்று இருந்தது. தரைப்பலகையை ஸ்க்ரூ இல்லாமல் மரக்கட்டைகள் மேல் வைத்துவிட்டு வந்தேன். மச்சினன் அன்று தோப்புப் பக்கமே வரவில்லை.

பத்து நாள் கழித்து முதலாளி கூப்பிட்டார். தோப்பில் தண்ணீர் மோட்டார் ஒன்று சத்தம் போடுகிறதாம்.

"ஞாயித்துக்கெழம ஒரு எட்டு..."

"போக மாட்டேன் சார்" என்றேன்.

"சரிங்க" என்றார். அதற்குப் பிறகு நான் அங்கே வேலை பார்த்த எட்டு மாதமும் எதுவானாலும் சூப்பர்வைசர் மூலமாகத்தான் சொல்லி அனுப்பினார். எனக்கு அதில் வருத்தம் இல்லை. அந்தக் குழந்தைகளின் அப்பா இன்றைக்கும் என்னைத்தான் திட்டிக்கொண்டிருப்பார் என்பதை நினைத்தால் மட்டும், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுகூடக் கை நின்றுவிடுகிறது.