வெண்புறா பினாயிலுக்குச் சாட்சி சொன்னவர்கள்

சேக்காட்டில் ஜெயகுமாரி கலக்கிய பினாயிலுக்கு ரசிகர்கள் இருந்தார்கள். சினிமாக்காரனுக்கு இருக்கலாம், கிரிக்கெட் ஆடுகிறவனுக்கு இருக்கலாம், கக்கூஸ் கழுவுகிற பினாயிலுக்கு எதற்கு ரசிகர்கள் என்று அவள் கணவர் ராயப்பனே கேட்டுவிட்டார். ஆவடி பாதுகாப்புத் தொழிற்சாலையில் வெல்டர் வேலை பார்த்துக்கொண்டு ஓய்வுக்காகக் காத்திருந்த மனிதருக்கு வேறொரு மனக்குறையும் உண்டு. கொல்லைப்பக்கம் நீல டிரம் வந்து உட்கார்ந்த நாளிலிருந்து அவர் வீட்டு மீன்குழம்பில்கூடப் பினாயில் வாடை அடித்தது.

மகளிர் குழுவில் கற்றுக்கொண்ட தொழில் அது. பாரீஸ் கார்னரில் பினாயில் எண்ணெய் வாங்கி வந்து, தண்ணீரில் ஊற்றிக் கலக்கினால் பால்போல வெளுத்துவிடும். அந்த வெளுப்பைப் பார்த்துத்தான் 'வெண்புறா' என்று பெயர் வைத்தாள். பெயர் நன்றாகத்தான் இருந்தது, ஒருத்தரும் வாங்கவில்லை. வீடு வீடாகப் போனாள். நாய்கள் மட்டும் மரியாதையாகக் கேட் வரை வந்து வழியனுப்பின.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு விளம்பரக் கம்பெனியில் வேலை பார்க்கும் மகள் ஃபெபிக்கு அம்மாவின் வியர்வையைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

"அம்மா, நீ விக்காத. வாங்குனவங்க உனக்காகப் பேசணும். வாட்ஸப்ல ஒரு குரூப் போடு, அவங்களைப் பேச வை. இதுக்குத்தான் எங்க ஆபீஸ்ல ஏசி ரூம்ல மாசக்கணக்கா மீட்டிங் போடுறாங்க."

"இதுக்கு எதுக்குடி மீட்டிங்கு? சாட்சி சொல்ல வைக்கணும், அவ்ளோதானே."

ஃபெபி வாயைப் பிளந்தாள். ஜெயகுமாரி கிறிஸ்தவச் சபையில் பெண்கள் ஐக்கியத்துக்குத் தலைவி. உபவாசக் கூட்டத்தில் ஒவ்வொருத்தியாக எழுந்து மைக்கைப் பிடித்து, முன்னாடி எப்படி இருந்தேன், இப்போது எப்படி இருக்கிறேன் என்று சாட்சி சொல்வதைக் கால் நூற்றாண்டாக நடத்தி வருகிறவள். அதே முறையை அப்படியே பினாயிலுக்குப் போட்டாள். சனிக்கிழமை சாயங்காலம் குரூப்பில் யாராவது ஒருத்தர் குரல் பதிவு போட வேண்டும். முன்பு என் தரை எப்படி இருந்தது, இப்போது எப்படி இருக்கிறது. கேட்டவர்கள் கும்பிடுகிற கைப் படத்தைப் போட வேண்டும். நல்ல சாட்சியாக இருந்தால் ஃபெபி அதற்கு ஒரு பாட்டைச் சேர்த்து இன்ஸ்டாகிராமில் ஏற்றிவிடுவாள்.

பிய்த்துக்கொண்டு போயிற்று வியாபாரம். கொரட்டூர், பூந்தமல்லி, வேப்பம்பட்டு வரை பாட்டில் போனது. ரயிலில் பக்கத்து சீட்டுக்காரியிடம் பினாயில் பற்றிப் பேசி, இறங்குவதற்குள் அவளைக் குரூப்பில் சேர்த்துவிடுகிற அளவுக்கு வெறி பிடித்த கூட்டம் அது.

ஆனால் சாட்சிக் கூட்டத்தில் உட்கார்ந்து பழகியவர்களுக்கு ஒன்று தெரியும். முந்தினவர் சொன்னதைவிடச் சின்னதாக ஒரு சாட்சியை எந்த மானமுள்ள மனுஷரும் சொல்ல மாட்டார். முதல் மாதம் தரை பளபளத்தது. அடுத்து கொரட்டூர் ரவிச்சந்திரன் வீட்டில் பரம்பரையாகக் குடியிருந்த பெருச்சாளி குடும்பத்தோடு காலி செய்துவிட்டுப் போனது. வேப்பம்பட்டு ராதிகா வீடு துடைத்த அன்று, கல்யாணமான நாளிலிருந்து குறை சொல்லிக்கொண்டிருந்த மாமியார் வாயடைத்து உட்கார்ந்தாராம். ஒருவருடைய மகனுக்குத் துபாய் விசாவே வந்தது. கடைசியில் லாவண்யா என்றொரு பெண், குளிக்கிற தண்ணீரில் ஒரு மூடி ஊற்றியதில் வேர்க்குரு போய்விட்டது என்றாள்.

அதைக் கேட்டு ஜெயகுமாரிக்குத் திக்கென்றது. தோலில் ஊற்றலாமா என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். அதற்குள் அறுபது எழுபது கும்பிடுகள் விழுந்துவிட்டன. இந்த வயதில் ஒரு பொம்பளையின் பெயர் மூன்று ஊரில் அடிபடுவது சும்மாவா? அவளும் ஓர் இதயத்தைத் தட்டிவிட்டு மாவரைக்கப் போய்விட்டாள்.

இந்தக் கூட்டத்துக்கெல்லாம் தலைமை ரசிகை கண்ணம்மா. அடுத்த தெருவில் இட்லிக்கடை. நாய் மட்டும் வழியனுப்பிய காலத்தில் முதல் பாட்டிலை வாங்கியவள் அவள்தான். ஆடி மாதம் தவறாமல் அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவள், சபைப் பக்கம் எட்டிப் பார்த்ததே இல்லை, ஆனாலும் சாட்சி சொல்கிறவர்களை அடக்கி ஆள்வதில் பாஸ்டரையே தூக்கிச் சாப்பிட்டுவிடுவாள். குரூப்புக்கு அவளும் ஓர் அட்மின்.

ஒரு சனிக்கிழமை கண்ணம்மாவின் குரல் வந்தது. "எல்லாருக்கும் வணக்கம். எனுக்கு சக்கரை கீது, தெரியும்ல. செருப்பு கடிச்சி கால்ல புண்ணு வந்து ஒரு மாசமா ஆறவேல்ல. இப்போ நம்ம வெண்புறாவுல துணிய நனைச்சி கட்டிகினு கீறேன். சுர்ருனு எரியுது. எரிஞ்சா வேல செய்யுதுனு அர்த்தம். ஆஸ்பத்திரிக்கெல்லாம் போவல."

ஜெயகுமாரியின் சித்தப்பா ஒருவர் சர்க்கரைப் புண்ணை அலட்சியம் செய்து முழங்காலோடு காலை இழந்தவர். அவள் உடனே எழுதினாள்: 'தயவுசெய்து புண்ணில் ஊற்றாதீர்கள். இது தரை துடைக்க மட்டும்தான்.'

'எவ்வளவு தன்னடக்கம் சிஸ்டர்' என்று ரவிச்சந்திரன் கும்பிட்டார். 'இந்த மனசுக்குத்தான் ஆண்டவர் உங்களை உயர்த்தி வச்சிருக்கார்' என்றாள் ராதிகா. கும்பிடுகள் கொட்டின.

சரி, பினாயில்காரியே சொன்னால் தன்னடக்கம், வேறு ஆள் சொன்னால் உறைக்குமோ என்று ராயப்பனின் போனை வாங்கி, 'இது விஷம், உடம்பில் படக்கூடாது' என்று போட்டாள். குரூப்பே கொதித்துவிட்டது. எந்தக் கம்பெனியிடம் காசு வாங்கினாய் என்றார்கள். பொறாமை பிடித்தவன் என்றார்கள். கண்ணம்மா ஒரே அமுக்கில் ராயப்பனை வெளியே தள்ளினாள்.

"என் பொண்டாட்டி பினாயிலு, என் வூட்டு கொல்லை, என்னியே தூக்கிட்டாளுங்க," என்றார் ராயப்பன். அவர் முகத்தில் என்றும் இல்லாத நிம்மதி இருந்தது.

ஜெயகுமாரி செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தாள். கண்ணம்மா அடுப்பு முன்னால் ஒற்றைக்காலில் சாய்ந்து நின்று இட்லி எடுத்துக்கொண்டிருந்தாள். மற்ற காலில் துணிக்கட்டு. ஆவி அடிக்கிற கடைக்குள்ளேயே வெண்புறா வாசம் தூக்கியது, அதற்கு அடியில் வேறு ஒரு நாற்றமும் இருந்தது.

"கெளம்பு, ஆஸ்பத்திரிக்கு."

"இன்னாக்கா நீ, யாவார நேரத்துல. நான் பூட்டா கடைய யாரு பாக்கறது?"

"காலு போயிட்டா கடைய யாரு பாப்பா?"

ஜெயகுமாரி அடுப்பை அணைத்தாள், சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களின் சாபத்தை வாங்கிக்கொண்டாள், ஆட்டோ பிடித்தாள். ஆஸ்பத்திரியில் கட்டைப் பிரித்த டாக்டரம்மா, எதை ஊற்றினாய் என்று கேட்டார். ஜெயகுமாரிதான் சொன்னாள். அந்த அம்மா இரண்டு பேரையும் ஏற இறங்கப் பார்த்த பார்வையில் ஜெயகுமாரிக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போல இருந்தது. சுண்டு விரலை எடுத்துவிட்டார்கள். காலைக் காப்பாற்றியாயிற்று, அதற்கு மேல் போகாமல் பார்த்துக்கொள் என்றார்கள்.

அடுத்த சனிக்கிழமை ஜெயகுமாரி கஞ்சித் தூக்கோடு ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸில் போகும்போது போன் கூவியது. வார்டில் படுத்தபடியே கண்ணம்மா பேசியிருந்தாள். "ஒரு வெரலோட பூட்ச்சி. வெண்புறா மட்டும் போடலேன்னா காலே பூட்டிருக்கும்னு டாக்டரே சொல்லிட்டாங்கோ." அதன் கீழே கும்பிடுகள். அதற்கும் கீழே, எனக்கு நாலு பாட்டில், எனக்கு ஆறு பாட்டில்.

ஜெயகுமாரி கட்டிலருகே போய்த் தூக்கை ணங்கென்று வைத்தாள். "எந்த டாக்டருடி அப்படிச் சொன்னது?"

கண்ணம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "யாரும் சொல்லல."

"பின்ன?"

"உன் பேரு கெட்டுடக் கூடாதுல்லக்கா."

"உனக்குத் தெரியுமா? பினாயில் புண்ண அரிக்குதுன்னு?"

"மொத நாளே தெரியும். தோலு உரிஞ்சி துணியோட வந்துச்சி." கண்ணம்மாவின் குரல் இறங்கியது. "அவன் எலி கதை வுட்டான். அவோ மாமியா கதை வுட்டா. மொத பாட்டிலு வாங்குனவ நானு. எனுக்கு சொல்றதுக்கு ஒண்ணுமே இல்லக்கா. என் ஊட்ல எலியும் இல்ல, மாமியாரும் இல்ல. வெறுந்தரை தான் கீது, அதுவும் சிமெண்ட்டு."

ஜெயகுமாரிக்குத் தன்மேலே ஆத்திரமாக வந்தது. கும்பிடுகிற கைகளை வரிசையாகப் பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்த தன் மூஞ்சியை யாராவது ஓங்கி அறைந்தால் தேவலை என்றிருந்தது. கட்டிலில் கிடந்த கண்ணம்மாவின் போனை எடுத்து, குரூப்பைத் திறந்து, மைக்கை அழுத்தினாள்.

"வாணாம்க்கா," என்று கண்ணம்மா கையை நீட்டினாள். ஜெயகுமாரி ஒரு கையால் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சேக்காடு ஜெயகுமாரி பேசுறேன். எல்லார் சாட்சியும் கேட்டாச்சு, இது என் சாட்சி. முன்னாடி கண்ணம்மா காலுல பத்து விரல் இருந்துச்சு. என் பினாயில ஊத்தின அப்புறம் ஒம்பது இருக்கு. யாரும் கும்பிடாதீங்க."