பங்காளிகள் எல்லோருக்கும் ஒரே கடவுச்சொல்

உங்கள் வீட்டு மேசை மேல் இருக்கும் கணினியைக் கண்டு நீங்கள் எப்போதாவது பயந்ததுண்டா? இல்லை என்றால், அதைத் தைரியம் என்று எண்ணிக்கொள்ளாதீர்கள். பிரபாவும் பயந்ததில்லை. தூசி தட்டி, பூப்போட்ட உறை மாட்டி, பண்டிகைக்குப் பொட்டு வைத்து, வீட்டில் ஓர் ஆளைப் போலத்தான் அதை வைத்திருந்தாள். ஒரு வியாழக்கிழமை மத்தியானம் அந்த ஆள் அவளைத் திரும்பிப் பார்த்தது.

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு மாடி வீட்டின் கீழ்ப்பகுதியில் பிரபா வாடகைக்கு இருந்தாள். கணவன் காளிதாஸின் ஊர் ஆட்டையாம்பட்டி. ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியோடு வடக்கே போனால் அவன் திரும்பிவர மாதக்கணக்கில் ஆகும். பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டுத் தட்டச்சில் மட்டும் ஹையர் வரை தேறியிருந்த பிரபா, வழக்கறிஞர் மஞ்சுளாவுக்கு மனுக்களைத் தட்டச்சு செய்துகொடுத்துவந்தாள். மஞ்சுளா நீதிமன்ற வளாகத்தில் நின்றபடியே பேசிப் பதிவு செய்து அனுப்புவார். இவள் அதைக் காதில் மாட்டிக்கொண்டு வீட்டிலிருந்தே அடிப்பாள். சந்தேகம் வந்தால் கணினிக் கேமரா வழியே முகம் பார்த்துப் பேசிக்கொள்வார்கள். கைக்குழந்தையோடு விரட்டப்பட்டவள், கூலி கேட்டு உதைபட்டவன் என்று எத்தனையோ பேரின் வழக்கு அவள் விரல்கள் வழியாகப் போயிருக்கிறது. அடிக்கும்போது கண்ணீர் வரும். பிழை வராது.

போன ஆயுத பூசைக்குப் பிறகு கணினி இழுத்து மூச்சுவிட ஆரம்பித்தது. ஒரு பக்கம் திறப்பதற்குள் அடுப்பில் பால் பொங்கிவிடும். ஆட்டையாம்பட்டியில் கணினிக் கடை வைத்திருக்கும் ஜெயபிரகாஷ் வந்து பெட்டியைக் கழற்றிய பிறகுதான் காரணம் தெரிந்தது. காற்றுப் போகும் துளைகளில் எல்லாம் பூசைக்குத் தடவிய சந்தனம் காய்ந்து அடைத்திருந்தது. உள்ளே விசிறியில் விபூதியும் தூசியும் அப்பிக் கிடந்தன.

"ஏஞ் சித்தி, மூக்கைப் பொத்திட்டு ஓடுன்னா யாராலீங்க ஓட முடியும்?" என்று சிரித்தான் ஜெயபிரகாஷ். அவன் காளிதாஸின் பங்காளி வீட்டுப் பிள்ளை. பங்காளிகள் வீட்டுக் கணினிகள் அத்தனைக்கும் அவன்தான் வைத்தியன்.

துடைத்து மூடியவன், தூரத்திலிருந்தே கணினியை இயக்க ஒரு செயலியையும் ஏற்றினான். "இனி நீங்க போன் பண்ணுனாப் போதுஞ் சித்தி. கடையில உக்காந்தே பார்த்துக்கறேன்."

"பாஸ்வேர்டு?"

"நம்ம எல்லாத்துக்கும் ஒண்ணுதானுங்க. வேப்பங்காட்டம்மன், அப்புறம் ஒண்ணு ரெண்டு மூணு. பங்காளி ஊடு அத்தனையும் ஒரே கணக்குலதான் போட்டிருக்கேன். சாமி பேரை யாரும் மறக்கமாட்டாங்கல்ல? அம்மனே காவல்னு வச்சுக்கங்க."

வேப்பங்காட்டம்மன் அவர்களுடைய குலதெய்வம். பங்காளிகள் வீட்டுக் கல்யாணப் பத்திரிகைகளின் தலையிலும், லாரிகளின் நெற்றியிலும் கொட்டை எழுத்தில் இருக்கும் பெயர். ஊருக்கே தெரிந்த பெயரைப் பூட்டாக்கிவிட்டு, பூட்டு இருக்கிறது என்று எல்லோரும் நிம்மதியாகத் தூங்கினார்கள். வசதியாக இருக்கிறதே என்று பிரபா அதையே தன் மின்னஞ்சலுக்கும் வைத்துக்கொண்டாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மஞ்சுளா ஒரு பெண்ணை அழைத்துக்கொண்டு வந்தார். முகத்தை மூடியிருந்த துப்பட்டாவை அவள் இறக்கியதும் பிரபா எழுந்து வாசல் கதவைச் சாத்தினாள். அபிநயா. காளிதாஸின் பெரியப்பா மகன் தனபாலின் மகள். கூடப் படித்த அன்பு என்பவனை அவள் பதிவுத் திருமணம் செய்திருந்தாள். பையன் நல்லவனா, வேலைக்குப் போகிறானா என்று வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை. எந்தத் தெருவில் பிறந்தவன் என்று மட்டும் கேட்டார்கள். கேட்ட பிறகு அரிவாளைத் தேடினார்கள். வயது வந்த இரண்டு பேர் சட்டப்படி செய்துகொண்ட கல்யாணத்துக்கு உயிர்ப்பிச்சை கேட்டு நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருக்கிறது. இது நடப்பது இந்த நூற்றாண்டில்.

"திங்கக்கிழமை பாதுகாப்பு மனு விசாரணைக்கு வருது, பிரபாக்கா. அன்பு வேற இடத்துல இருக்கார். ஹாஸ்டல், லாட்ஜ் எல்லாத்தையும் இவங்க ஆளுங்க அலசிட்டிருக்காங்க. பங்காளி வீட்டுல தேடணும்னு தோணாது" என்றார் மஞ்சுளா.

"நாந்தான் உங்க பேரைச் சொன்னேனுங்க சித்தி. நீங்க காட்டிக் குடுக்கமாட்டீங்க" என்றாள் அபிநயா.

பிரபா அரிசியில் இன்னொரு ஆழாக்கைச் சேர்த்துக் களைந்தாள். ஜன்னல்களைச் சாத்தினாள். பக்கத்து வீட்டாரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. வாசலில் எந்த வண்டி நின்றாலும் அபிநயாவைப் பின்னறைக்குள் தள்ளினாள். தெருவைப் பார்த்து இத்தனை பயந்தவளுக்கு, நடு அறையில் திறந்து கிடந்த இன்னொரு வாசல் நினைவுக்கு வரவே இல்லை.

வியாழக்கிழமை மத்தியானம் அபிநயா தலைக்குக் குளித்துவிட்டு நடு அறையில் மின்விசிறிக்குக் கீழே நின்று முடியை உலர்த்திக்கொண்டிருந்தாள். பிரபா தரையில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். தற்செயலாக நிமிர்ந்தாள். கேமராவின் ஓரத்தில் பச்சை விளக்கு எரிந்தது.

மஞ்சுளாவோடு பேசும்போது மட்டுமே எரியும் விளக்கு அது. இப்போது யாரோடும் பேச்சில்லை. திரையில் சின்ன அம்பு மெல்ல நகர்ந்து ஒரு மூலையில் போய் நின்றது. சுட்டியை யாரும் தொடவில்லை.

"அபி, அசையாத" என்றாள். அடுத்த நொடியே, "இல்ல, போ! உள்ள போ!" என்று கத்தினாள்.

பாய்ந்துபோய்ச் சுவரில் இருந்த சுவிட்சை அணைத்தாள். மேசைக்கு அடியிலிருந்த யுபிஎஸ் கீச் கீச்சென்று கத்தியது. ஆனால் கணினி அணையவில்லை. மின்சாரம் போனாலும் வேலை நிற்கக் கூடாது என்று அவளே ஆசைப்பட்டு வாங்கிய யுபிஎஸ். பச்சை விளக்கு அவள் முகத்துக்கு நேராக எரிந்துகொண்டே இருந்தது. அம்பு இப்போது அவசரமாக ஓடியது. இணைய வயரைப் பிடித்து இழுத்தாள், கொக்கி விடவில்லை. இரண்டு கையாலும் பற்றி மறுபடி இழுத்தாள். மோடம் பெட்டி அலமாரியிலிருந்து உருண்டு தரையில் விழுந்தது. விளக்கு அணைந்தது.

அவள் மூச்சு இன்னும் அடங்கவில்லை, அதற்குள் கைபேசி அடித்தது. தனபால்.

"ஏம்மா பிரபா, நல்லாருக்கியா சாமி?"

"நல்லாருக்கேனுங்க பெரிய மாமா."

"ஊட்ல விருந்தாடி யாரோ வந்திருக்காப்பல இருக்குது?"

"யாருமில்லீங்களே."

"இல்லியா? சரி சரி. கம்ப்யூட்டரு பட்டுனு ஆப் ஆயிருச்சாட்ட இருக்குதே. தம்பியும் ஊர்ல இல்ல. நீ ஒத்தையில கெடந்து சிரமப்படுவே பாரு... கார்ல ஏறிட்டோம். ஒரு எட்டு வந்து பார்த்துட்டுப் போறோம்."

குரலில் கோபமே இல்லை.

உண்மையைச் சொன்னால் மஞ்சுளாவின் நம்பிக்கை போய்விடும், வேலையும் போய்விடும் என்று ஒரு கணம் தோன்றியது. பின்னறை வாசலில் அபிநயா ஈரத் தலையோடு நின்றாள்.

"எங்கப்பா என்னைய அடிக்கமாட்டாருங்க சித்தி. கூட வர்றவங்க அடிப்பாங்க. அவரு பார்த்துட்டு நிப்பாருங்க."

பிரபா மஞ்சுளாவைக் கூப்பிட்டாள். "அம்மா, தப்பு என்மேலதானுங்க. என் கம்ப்யூட்டர் வழியாவே பார்த்துட்டாங்க. கெளம்பி வந்துட்டிருக்காங்க."

எதிர்முனையில் சாவிக்கொத்து குலுங்கியது. "அழாதீங்கக்கா. பின்பக்கச் சந்துல ஸ்கூட்டரோட நிக்கறேன். புள்ளைய அனுப்புங்க. ஸ்டேஷனுக்கும் சொல்லிடறேன்."

அபிநயா செருப்பைக்கூடத் தேடவில்லை. ஸ்கூட்டர் சத்தம் தேய்ந்து மறைந்ததும் பிரபா துணியை எடுத்துத் தரையில் சொட்டியிருந்த ஈரத்தைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடியும் மறுபடியும் துடைத்தாள். கார்க் கதவு சாத்தும் ஓசை கேட்டது.

தனபாலோடு இரண்டு பங்காளிகள் வந்தார்கள். கேட்காமலே பின்னறை, சமையலறை, குளியலறை எல்லாவற்றையும் திறந்து பார்த்தார்கள். தனபால் நேராகப் போய்க் கணினி முன்னால் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். கைபேசியை நீட்டினார். கலங்கலான ஒரு படம். மின்விசிறிக்குக் கீழே ஒரு பெண், முதுகு காட்டியபடி. இடுப்புக்குக் கீழே தொங்கும் முடி.

"இது யாரு சாமி?"

"நாந்தானுங்க."

"நீயா! உனக்கு ஏதும்மா இத்தனை முடி? கடையில வாங்குனதா?"

கூட வந்தவர்களில் ஒருவன் சிரித்தான். அந்தச் சிரிப்பில் பிரபாவுக்குள் ஏதோ அறுந்தது. பயம் போய்விடவில்லை. ஆனாலும் பேசினாள்.

"என் ஊட்டுக்குள்ள என்னையப் படம் எடுத்தது யாருங்க பெரிய மாமா? ஆம்பளை இல்லாத ஊட்டுல, பொம்பளை குளிச்சுட்டுத் தலை ஒணத்தறதை ஒளிஞ்சு பார்த்தது நீங்களுங்களா? இதை உங்க தம்பிக்குப் போன் போட்டுச் சொல்லட்டுங்களா? இல்ல, உங்க ஊட்டு அக்காகிட்டயே சொல்லட்டுங்களா?"

சிரித்தவன் தலையைக் குனிந்துகொண்டான். தனபாலின் முகம் கறுத்தது.

"பங்காளி ஊட்டைப் பார்க்கறதுக்கு எவங்கிட்டக் கேக்கோணும்? அம்மன் பேருதானே போட்டு வச்சிருக்கே? அவ எனக்கும் சாமிதான். ஒவ்வொரு ஊடாப் பார்த்தேன். எம் புள்ளையத் தேடறேன், எவன் தடுப்பான்?"

அவருக்கு அது திருட்டாகத் தோன்றவே இல்லை. பெற்ற மகளின் உடம்பு மேலும் உயிர் மேலும் தனக்குப் பாத்தியதை உண்டு என்று நம்புகிற மனிதருக்கு, அடுத்தவள் வீட்டுக் கேமரா எம்மாத்திரம்?

வாசலில் போலீஸ் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. தனபால் எழுந்து வேட்டியை உதறிக் கட்டினார். "நல்லாரு சாமி" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அந்த இரண்டு வார்த்தைகள் இன்றைக்கும் பிரபாவின் காதில் இருக்கின்றன.

திங்கட்கிழமை நீதிமன்றம் பாதுகாப்புக்கு உத்தரவிட்டது. அபிநயாவும் அன்பும் எங்கோ இருக்கிறார்கள். எங்கே என்று பிரபா கேட்கவில்லை. மஞ்சுளாவும் சொல்லவில்லை. வேலையும் போகவில்லை. "தப்பை மறைக்காம உடனே சொன்னீங்க. அதனாலதான் அவ உயிரோட இருக்கா" என்று மட்டும் மஞ்சுளா சொன்னார்.

ஜெயபிரகாஷ் வெளிறிப்போய் வந்தான். "எல்லார் ஊட்டுக்குள்ளயும் போயிருக்காருங்க சித்தி. எங்க அக்கா ஊட்டுப் படுக்கையறை கம்ப்யூட்டர்லகூட" என்றான். அந்தச் செயலியை அவனை வைத்தே நீக்கச் சொல்லி, ஒவ்வொரு படியையும் பிரபா பக்கத்தில் நின்று கற்றுக்கொண்டாள். ஒவ்வொரு கணக்குக்கும் வேறு வேறு கடவுச்சொல் வைத்தாள். ஒன்றும் பிறந்தநாள் இல்லை, சாமி இல்லை, பிள்ளைப் பெயர் இல்லை. தள்ளிப்போட்டு வந்த புதுப்பித்தல்களை ஓடவிட்டாள். மனுக்களின் நகலைத் தனி வன்வட்டில் சேமித்து அலமாரியில் பூட்டினாள். கேமராவின் மேல் ஒரு துண்டுக் கறுப்புத்துணி தொங்குகிறது. பெட்டியில் சந்தனம் கிடையாது. மாதம் ஒருமுறை தூரிகையால் துளைகளைச் சுத்தம் செய்கிறாள். கணினி இப்போது சத்தமில்லாமல் ஓடுகிறது. அந்த அமைதியும் அவளுக்குப் பயமாகத்தான் இருக்கிறது.

"குலதெய்வத்தையே தூக்கி எறிஞ்சுட்டா" என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். அம்மன் கோயில் தேர் நோன்பித் திருவிழாவுக்குக் கூப்பிடவில்லை. எந்தத் தெய்வமும் அன்று அந்தப் பச்சை விளக்கை அணைக்க வரவில்லை. வயரைப் பிடித்து இழுத்தது ஒரு பெண்ணின் கை.

ஆகவே, வாசகரே, எழுந்து உங்கள் கணினிக்குப் போங்கள். உங்களுக்குத் தெரியாமல் யாரோ ஏற்றிவைத்த செயலி இருந்தால் நீக்குங்கள். அண்ணன், மாமன், மச்சான் என்று எல்லோரும் அறிந்த அந்தக் கடவுச்சொல்லை மாற்றுங்கள், உறவுக்காரர்கள் கோபித்துக்கொண்டாலும் மாற்றுங்கள். ஓர் அபிநயா உங்கள் கதவைத் தட்டிய பிறகு இதற்கெல்லாம் நேரம் இருக்காது, இன்றைக்கே செய்யுங்கள்.