மூன்றாவது சிலிண்டர்

நம்புகிறவர்கள் படியுங்கள். நம்பாதவர்களோடு மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லை. பேய் என்று யாராவது வாயெடுத்தால் முதலில் சிரிக்கிற ஆள் நான்தான். இது ராத்திரியில்கூட நடக்கவில்லை. பட்டப்பகல், உச்சிவெயில். நான் முழித்துத்தான் இருந்தேன். காய்ச்சலும் இல்லை.

அப்பா டாக்ஸி ஓட்டுகிறவர். காரின் பெட்ரோல் எஞ்சின் ஒருநாள் நடுரோட்டில் இறுகி நின்றுவிட்டது. வேறு எஞ்சின் மாற்றினால் வண்டி பிழைக்கும். இல்லாவிட்டால் எடைக்குப் போடவேண்டியதுதான். அப்பா வாட்ச்மேன் வேலைக்குச் சொல்லிவைத்தார். நான்தான் குறுக்கே விழுந்தேன்.

"நம்ம குடும்பத்துலயே முதல்ல காலேஜ் படி ஏறினவ நான். மெக்கானிக்கல் படிச்சிட்டு ஒரு எஞ்சின் பாத்து வாங்கத் தெரியாதாப்பா?"

"ஒரு வாரம் பாப்பேன். அப்புறம் நான் கேட்ல போய் உக்காந்துடுவேன்."

என்ன எஞ்சின் என்று முடிவு செய்ய எனக்கு அரைநாள்கூட ஆகவில்லை. கம்ப்யூட்டர் பெட்டி இல்லாத பழைய வகை டீசல் எஞ்சின். வயரிங் தலைவலி கிடையாது, எந்த மெக்கானிக்கும் கைவைக்கலாம். கிடைப்பதுதான் பெரும்பாடு. பழைய வண்டி உடைக்கிற யார்டு ஒன்றில், "ஆம்பளை யாராவது கூட வந்திருக்காங்களாம்மா?" என்றார்கள். இன்னொன்றில் காட்டிய எஞ்சின், எங்கள் பானெட்டுக்குள் நாலு விரல் நீளம் அதிகம். "தட்டி உள்ள தள்ளிடலாம்" என்றான் ஒருவன். எதைத் தள்ளுவது? ரேடியேட்டரையா, என்னையா? வேறோர் இடத்தில் கியர்பாக்ஸ் துளை ஒன்றுகூடப் பொருந்தவில்லை. "வெல்டிங் வச்சுக்கலாம் பாப்பா." பாப்பாவாம்!

வாரம் முடிகிற சமயத்தில்தான் அந்த யார்டுக்குப் போனேன். ஊர் எல்லை. தகரக் கூரை. இரும்பு அலமாரிகளில் வரிசையாக எஞ்சின்கள். கடைசி அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்தது அது. நான் தேடிய அதே வகை.

பக்கத்து எஞ்சின்கள் மேலெல்லாம் விரல்கனத்துக்குப் புழுதி. இதன்மேல் பொட்டுப் புழுதி இல்லை.

"துடைச்சீங்களா?"

"எனக்கு வேற வேலை இல்லையாம்மா?" என்றார் யார்டு முதலாளி. "ஒரே ஓனர் கை பட்ட எஞ்சின். கண்ண மூடிட்டு எடுக்கலாம்."

கண்ணை மூடவா நான் வந்தேன்? எஞ்சினின் முன்பக்கத்தில் பெல்ட் ஓடுகிற வீலின் போல்ட்டில் ஸ்பேனர் போட்டுச் சுற்றினேன். பல மாதம் கிடந்த டீசல் எஞ்சின் லேசில் அசையாது. இது ஒற்றைக் கையில் சுற்றியது. ஆயில் குச்சியை உருவிப் பார்த்தேன். டீசல் எஞ்சினில் ஆயில் மை மாதிரி கறுத்திருக்கும். இது நேற்று ஊற்றிய மாதிரி பளபளத்தது.

குறை இருக்கவேண்டிய எந்த இடத்திலும் குறை இல்லை. எனக்கு அதுவே பிடிக்கவில்லை. ஆனால் அப்பாவின் முகம் கண்முன் வந்தது.

"ஓட்டிக் காட்டுங்க."

எஞ்சினை வெளியே இழுத்துத் தரையில் நிறுத்தினார்கள். பாட்டரி மாட்டி, கேனிலிருந்து டீசல் கொடுத்தார்கள். முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது. முதலாளி பாட்டரி வயரைக் கழற்றி எடுத்துக்கொண்டார். ஓட ஆரம்பித்த டீசல் எஞ்சினுக்குக் கரண்ட் தேவையில்லை. "கேட்டுட்டு நீயே நிறுத்திடும்மா. நான் சாப்பிட்டு வரேன்" என்று ஆட்களோடு முன்பக்கம் போய்விட்டார்.

நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை எஞ்சின்மேல் ஊன்றி, பிடியைக் காதில் அழுத்தினால் உள்ளே நடப்பதெல்லாம் கேட்கும். மெக்கானிக்குகளின் வழக்கம். பேரிங் தேய்ந்திருந்தால் தெரிந்துவிடும். முதல் சிலிண்டர், சுத்தம். இரண்டாவது, சுத்தம்.

மூன்றாவது...

டொக். டொக். டொக்.

சின்ன இடைவெளி.

டொக். டொக். டொக்.

பிஸ்டனைப் பிடித்திருக்கிற கனெக்டிங் ராடு ஆடுகிறதோ என்று நினைத்தேன். ஆனால் ராடு சத்தம் எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும். ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் முறுக்கினேன். எஞ்சின் அலறியது. தட்டல் மட்டும் அதே நிதானத்தில் கேட்டது... யாரோ கதவைத் தட்டுகிற மாதிரி.

டீசல் பம்பில் இருக்கும் ஸ்டாப் லீவரை இழுத்தேன். எஞ்சின் அணைந்தது.

காதை எடுக்கவில்லை.

டொக். டொக். டொக்.

சூடான இரும்பு ஆறும்போது டிக் டிக் என்று சத்தம் வரும். எனக்குத் தெரியாததா? ஆனால் அது வரவர மெதுவாகும், ஒழுங்கு இருக்காது. இது குறையவில்லை.

என்ன தைரியமோ... ஸ்பேனரால் எஞ்சின்மேல் ஒரு தட்டு தட்டினேன்.

சத்தம் நின்றது.

மூச்சைப் பிடித்துக் கேட்டேன். அந்தப் பக்கமும் யாரோ மூச்சைப் பிடித்துக் கேட்கிற மாதிரி இருந்தது.

ஸ்க்ரூடிரைவர் அசைந்தது.

நான் அசைக்கவில்லை.

பிடி என் காதை அழுத்தியது... மெதுவாக... உள்ளிருந்து தள்ளுகிற மாதிரி...

வீசி எறிந்தேன்.

கண்ணெதிரே முன்பக்கத்து வீல் கால் சுற்று சுற்றியது.

பாட்டரி இல்லை. டீசல் இல்லை.

நின்றது.

மறுபடி கால் சுற்று.

ஓடினேன்.

"வேணாம்" என்று முதலாளியிடம் சொன்னேன். ஏன் என்று கேட்டார். என்ன சொல்ல? "ஒத்துக்கல" என்றேன். "படிச்ச புள்ளைங்க வந்தாலே இப்படித்தான்" என்று சோற்றைப் பிசைந்தார்.

வீட்டில் அதைவிட மோசம். அப்பா கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. "சரிம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு, வாட்ச்மேன் சட்டையை இஸ்திரி போட்டார். மறுநாளே அந்த எஞ்சினை வேறொரு டாக்ஸிக்காரர் தூக்கிக்கொண்டு போனார் என்று தெரிந்தது. வண்டி ஜம்மென்று ஓடுகிறதாம். அப்பா என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டார்.

எங்கள் மெக்கானிக்குக்கு டர்போ என்று பட்டப்பெயர். வாய் அவ்வளவு வேகம். அவரிடம் மட்டும் நடந்ததைச் சொன்னேன். தப்பு. ஷெட்டுக்கு வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "நம்ம இன்ஜினியரம்மா எஞ்சின்கூட தட்டித் தட்டிப் பேசுவாங்க" என்று சொல்லிச் சிரித்தார். ஊரே சிரித்தது.

ஒருவர் சிரிக்கவில்லை.

அன்று நானும் அப்பாவும் எங்கள் காரை எடைக்குப் போடுவது பற்றிப் பேச ஷெட்டுக்குப் போயிருந்தோம். பிரேக் பார்க்க வந்திருந்த அந்தப் பெரியவர் என்னிடம் வந்தார்.

"மூணாவது சிலிண்டர் பக்கமாம்மா?"

டர்போ சிரிப்பை நிறுத்தினார். எந்த சிலிண்டர் என்று நான் அவரிடம்கூடச் சொல்லவில்லை.

"அந்த எஞ்சின் என் வண்டியில இருந்துச்சு" என்றார். "வண்டிய நிறுத்தினப்புறமும் கேக்கும். விசாரிச்சுப் பாத்தேன். எனக்கு முன்னாடி அத வச்சிருந்தவங்க ரெண்டு பேரு. ரெண்டு பேருமே ஓட்டிக்கிட்டு இருக்கும்போதே ஸ்டியரிங்லயே சாஞ்சு செத்துப் போயிட்டாங்க. அன்னிக்கே எஞ்சின இறக்கி, வர்ற விலைக்கு வேற ஒரு டிரைவர்கிட்ட தள்ளிட்டேன். அவருக்கு அப்புறம் என்னாச்சுன்னு தெரியாது."

அப்பா எழுந்து என் பக்கத்தில் வந்து நின்றார்.

"உனக்கு எத்தன தட்டு கேட்டுச்சும்மா?"

"மூணு."

பெரியவர் தன் வண்டியின் பானெட்டைத் திரும்பிப் பார்த்தார்.

"என்கிட்ட இருந்தப்போ ரெண்டுதான்" என்றார்.