பெரிய விளக்கு எரியாத ஆடி மாதம்

எந்தச் சாமான் கெட்டுப்போனாலும் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு, "லூஸ் கனெக்ஷனா இருக்கும்" என்று சொல்கிறவர்களைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். ரேடியோ நின்றுபோனாலும் அதுதான், மின்விசிறி நின்றுபோனாலும் அதுதான். சொல்லிவிட்டு, பாதி வேலை முடிந்த மாதிரி இடுப்பில் கை வைத்துக்கொள்வார்கள். இந்த எரிச்சல் எனக்கு ஏழு வயதில் பிடித்தது. பிடித்துக் கொடுத்தது எங்கள் வீட்டு மோட்டார் வண்டி.

மயிலாப்பூர் மாட வீதிகளில் ஒன்றில் எங்கள் வீடு. அப்பா வக்கீல். சீமைக்குத் திரும்பிய ஒரு துரையிடமிருந்து ஒரு தை மாதத்தில் அந்த வண்டியை வாங்கினார். அப்பாவுக்கு ஓட்டத் தெரியாது. கற்றுக்கொள்ளும் உத்தேசமும் கிடையாது. பின் ஸீட்டில் சாய்ந்துகொண்டு போவதற்குத்தான் வண்டி என்பது அவர் கட்சி. அதனால் வண்டியோடு கூடவே ஒரு டிரைவரும் வந்து சேர்ந்தார். ஒல்லியான மனிதர், நல்ல வாயாடி.

வந்த அன்று அம்மா ஆரத்தி எடுத்து, முன்னால் இருந்த இரண்டு பெரிய விளக்குகளுக்கும் சந்தனம், குங்குமம் வைத்தாள். பொழுது சாய்ந்ததும் டிரைவர் வேடிக்கை காட்டினார். அவர் காலடியில், பலகையில், உருண்டையாக ஒரு இரும்புக் குமிழ் இருந்தது. "இத்த ஒரு மிதி மிதிச்சா பெரிய லைட்டு, இன்னொரு மிதி மிதிச்சா சின்ன லைட்டு. எதிர்க்க வண்டி வந்தா சின்னது, ரோடு காலியா கீதுன்னா பெர்சு." ஆளுக்கு ஆள் ஏறி மிதித்துப் பார்த்தோம். எங்கள் வீட்டில் தங்கி காலேஜில் சயின்ஸ் படித்துக்கொண்டிருந்த மாமா மிதித்தான். என்னைத் தூக்கிப் பிடித்து மிதிக்க வைத்தார்கள். கடைசியில் அம்மாவும், தெருவில் யாரும் இல்லையே என்று பார்த்துக்கொண்டு, புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். வெளிச்சம் எதிர்ச் சுவரில் குபீரென்று எழும்பியது, இறங்கியது, எழும்பியது. "போறும் போறும், கோபுரத்து பொம்மையெல்லாம் முழிச்சுக்கப்போறது" என்று சொல்லிச் சொல்லி அவளே சிரித்தாள்.

அந்த வருஷம் கோடையில் அப்பாவுக்கு அடையாற்றில் ஒரு சிநேகிதர் கிடைத்தார். தோப்பு நடுவில் பங்களாவாம். சாயங்காலத்தில் நாலு பேர் கூடிச் சீட்டாடுவார்களாம். அப்பா அப்படித்தான் சொன்னார். முதலில் சனிக்கிழமைகளில் போனார். அப்புறம் வெள்ளிக்கிழமையும் சேர்ந்துகொண்டது. ஆனி பிறந்தபோது எந்தக் கிழமை போகவில்லை என்று யோசித்துத்தான் சொல்ல வேண்டும். கோர்ட்டிலிருந்து வந்து, காபி குடித்து, சட்டை மாற்றிக்கொண்டு கிளம்பினால், அவர் திரும்பி வரும்போது நான் தூங்கியிருப்பேன்.

ஆடி மாதத்தில் ஒருநாள் வண்டி போன சுருக்கில் திரும்பி வந்தது. அப்பா இறங்கிக் கதவை அறைந்து சாத்தினார். டிரைவர் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். "பெரிய லைட்டு எரிய மாட்டேங்குது எசமான். பாலத்துக்கு அப்பால ஒரே இருட்டு. மாடு குறுக்க படுத்துக்கினு இருந்தாகூட தெரியாது. சின்ன லைட்டை நம்பி நான் இட்டுக்கினு போவ மாட்டேன்."

அன்று தொடங்கியது ரகளை. மாமாதான் முதலில் களத்தில் இறங்கினான்.

"அத்திம்பேர், ரெண்டு பல்பும் ஒரே நாள்ல போகாது. கோளாறு ரெண்டுக்கும் பொதுவான எடத்துலதான் இருக்கணும்."

இந்த ஒரு வாக்கியத்தோடு அவன் நிறுத்தியிருந்தால் பெரிய மேதையாகியிருப்பான். சொன்ன வாயை மூடுவதற்குள் இரண்டு பல்பையும் கழற்றி, வலதை இடப் பக்கத்திலும் இடதை வலப் பக்கத்திலும் மாட்டினான். டிரைவர் ஏறி உட்கார்ந்து மிதித்தார். எரியவில்லை. பாட்டரி தீர்ந்திருக்கும் என்றான். அப்படியானால் சின்ன விளக்கு மட்டும் எப்படி எரிகிறது என்று அப்பா கேட்டார். அதற்கு மாமா ஒரு பென்சிலை எடுத்துக் காகிதத்தில் கோடு கோடாக இழுத்தான். இழுத்து முடித்துவிட்டு, "லூஸ் கனெக்ஷன்" என்றான்.

எதிர்வீட்டு ரிட்டயர்ட் போஸ்ட்மாஸ்டர் வந்து கடல் காற்று என்று தீர்ப்பளித்தார். "ஸாந்தோம் பக்கம் போறேளோல்லியோ, உப்பு உள்ள எறங்கி ஒயரைத் தின்னுடும் ஓய்." பால்காரர் விளக்கைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "கண்ணு பட்டுப்பூட்சும்மா, அதான்" என்றார். அம்மா அதையும் விடவில்லை. உப்பும் மிளகாயும் கையில் பொத்தி எடுத்து, வண்டியைச் சுற்றி மூன்று முறை வந்து அடுப்பில் போட்டாள். மிளகாய் வெடித்ததில் வீடு முழுக்க இருமினோம். அவள் முகம் மட்டும் கோவிலில் நிற்கிற மாதிரி இருந்தது.

அப்பா வண்டியை ராயப்பேட்டையில் ஒரு பாயின் ஷெட்டுக்கு அனுப்பினார். மோட்டார் வேலையில் பழுத்த ஆள், வெற்றிலைச் சிவப்பில் வாய். அங்கே அவருடைய ஆட்கள் ஏறி மிதித்தார்கள். பளீரென்று எரிந்தது. சரி, தானாகச் சரியாகிவிட்டது என்று வண்டி வீட்டுக்கு வந்தது. சாயங்காலம் அப்பா சட்டை மாற்றிக்கொண்டு ஏறினார். ஸாந்தோம் தாண்டியதும் டிரைவர் டொக்கு டொக்கென்று மிதித்தார். எரியவில்லை. மறுபடி ஷெட். பளீர். மறுபடி வீடு. இருட்டு. புது ஒயர் போட்டார்கள். பல்பு மாற்றினார்கள். ஃப்யூஸ் மாற்றினார்கள். ஷெட்டில் எரிந்தது, தெருவில் எரியவில்லை.

அப்பா நேரிலேயே போய்ச் சத்தம் போட்டாராம். பாய் அதற்கு, "இங்க நல்லா எரியுது வக்கீல் சாப், உங்க வூட்டாண்ட போனா எரியல. இன்னா இது, புதுப் பொண்ணா, மாமியார் வூட்டுக்குப் போனதும் மூஞ்சைத் தூக்கி வெச்சுக்கினு இருக்க?" என்றாராம்.

"பாய், எனக்குக் கதை வேண்டாம். வெளிச்சம் வேணும்."

வீட்டுக்கு வந்தும் இதைச் சொல்லிச் சொல்லி அப்பா பல்லைக் கடித்தார். கோர்ட்டில் எதிர்க்கட்சி வக்கீலிடம்கூட அவர் அவ்வளவு கோபப்பட்டிருக்க மாட்டார். வண்டியை விற்ற துரை, சீமை, அங்கே பல்பு செய்கிறவன், எல்லாரும் அவர் வாயில் விழுந்தார்கள்.

ஆனால் எனக்கு அந்த ஆடி மாதம் கொண்டாட்டமாக இருந்தது. விளக்கேற்றுகிற நேரத்தில் அப்பா வீட்டில் இருந்தார். கூடத்தில் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார். முதல் இரண்டு வாய்க்கு முகத்தைக் கடுவன் பூனை மாதிரி வைத்திருப்பார், மூன்றாவது வாய்க்குக் கோர்ட்டுக் கதை தொடங்கிவிடும். பொய்ச் சாட்சிக்காரன் திக்கித் திணறியதை அவர் நடித்துக் காட்டுவார். அம்மா உள்ளேயிருந்து அப்பளத்தை ஒவ்வொன்றாகச் சுடச்சுடப் பொரித்துக்கொண்டு வந்து இலையில் போடுவாள். போட்டுவிட்டு உடனே உள்ளே போக மாட்டாள். கதவில் சாய்ந்துகொண்டு, ஏற்கெனவே கேட்ட கதையானாலும், "அப்புறம் ஜட்ஜ் என்ன சொன்னார்?" என்று கேட்பாள்.

ஒரு சாயங்காலம் அப்பா பாயையே வீட்டுக்கு வரவழைத்தார். இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று வாசலில் நின்றார். பாய் ஏறி மிதித்தார். தெரு முழுக்க வெளிச்சம். "நீ ஓட்டு, நான் பக்கத்துல குந்துறேன்" என்று டிரைவரை ஓட்டச் சொன்னார். வண்டி குளத்தங்கரை வரை போய்த் திரும்பி வந்தது. பாய் இறங்கி, வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னார்:

"வண்டில ரிப்பேர் இல்ல சாப். இவன் கால்லதான் ரிப்பேர். பட்டன் இங்க கீது, இவன் அதுக்குப் பக்கத்துல பலகையை மிதிச்சிக்கினு வரான்."

அப்பா போட்ட சத்தம் மாட வீதி முழுக்கக் கேட்டது.

"ஏண்டா, இத்தனை நாளா என்னை என்னன்னு நெனைச்சுண்டு இருக்கே? சாவியைக் கீழ வை. நாளைலேர்ந்து இந்தப் பக்கம் தலை காட்டாதே."

டிரைவர் வாயே திறக்கவில்லை. அவ்வளவு வாயாடுகிற மனிதர், கண்ணில் தண்ணீர் முட்ட, சாவியை வண்டி மூக்கின் மேல் வைத்தார். கால்வாய்க் கரைக் குடிசையில் அவருக்கு மனைவியும் கைக்குழந்தையும் இருந்தார்கள். இரண்டு தடவை உள் பக்கம் பார்த்தார். அப்புறம் மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடக்கத் தொடங்கினார்.

அப்போதுதான் அம்மா வாசலுக்கு வந்தாள். அன்னிய ஆண்கள் நிற்கிற இடத்துக்கு அவள் வந்து நான் பார்த்ததில்லை. கையில் மாவு அப்படியே இருந்தது.

"அவனை ஒண்ணும் சொல்லாதேங்கோ. நான்தான் மிதிக்கப்படாதுன்னு சொன்னேன். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை குங்குமம் வெக்கற வெளக்கு. அதைப் போய்க் காலால மிதிக்கறதாவது! கபாலி மேல சத்தியம் வாங்கிண்டேன். உங்ககிட்ட சொல்லப்படாதுன்னும் வாங்கிண்டேன்."

டிரைவர் திரும்பி வந்தார். "கையால அமுக்கிப் பாத்தேன் எசமான்" என்றார் ஈன சுரத்தில். "குனிஞ்சா ரோடு தெரியல."

முதலில் சிரித்தது பாய். அப்புறம் மாமா. அப்புறம் அப்பா, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை. "ஹெட்லைட்டுக்கு மடி பாக்கறா ஓய் எங்காத்துல!" என்று எதிர்வீட்டுக்குக் கத்திச் சொன்னார். கோபமெல்லாம் எங்கே போயிற்றோ. சாவியை எடுத்து டிரைவர் கையிலேயே கொடுத்தார்.

பாய் அதற்கும் வழி சொன்னார். காலடிக் குமிழை எடுத்துவிட்டு, ஓட்டுகிறவர் கைக்கு எட்டுகிற மாதிரி ஒரு திருகு விசை வைத்துவிடலாம். "கையால திருப்புனா தோஷம் இல்லியேம்மா?" என்று மரியாதையாகக் கேட்டார்.

எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள்.

"இல்லை" என்றாள் அம்மா.

விசை வைத்து வண்டி வந்த அன்று சாயங்காலம் அப்பா சட்டை மாற்றிக்கொண்டு கிளம்பினார். டிரைவர் கையால் திருப்பினார். இரண்டு விளக்கும் கொழுந்து விட்ட மாதிரி எரிந்தன. வெளிச்சம் எதிர்ச் சுவரைத் துடைத்துக்கொண்டு போய், தெரு மூலையில் திரும்பி, மறைந்தது. வாசலில் நின்றிருந்த அம்மா அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு உள்ளே வந்து, பொரிக்க எடுத்து வைத்திருந்த அப்பளங்களைத் திரும்ப டப்பாவில் அடுக்கி மூடினாள்.

எனக்கு ஒரே ஆச்சரியம். இனிமேல் யாரும் விளக்கை மிதிக்கப்போவதில்லை. அம்மா சொன்னபடிதான் எல்லாம் நடந்தது. அவள் சந்தோஷப்படாமல் ஏன் இப்படி இருக்கிறாள்? யோசித்துக்கொண்டே சாப்பிட்டேன். சட்டென்று ஒன்று ஞாபகம் வந்தது.

"அம்மா, வண்டி வந்த அன்னிக்கு நீயும்தானே மிதிச்சே? சிரிச்சுண்டே மிதிச்சியே!"

அம்மா என் வாயைப் பொத்தினாள். உள்ளங்கையில் மோர் வாசனை. "பேசாம சாப்பிடு" என்றாள். அந்தக் கை சிறிது நேரம் என் முகத்தின் மேலேயே இருந்தது.

பாவம், தெரியாமல் மிதித்துவிட்டாள், அதை நினைத்துத்தான் இவ்வளவு வருத்தம் என்று எனக்கு உறுதியாகிவிட்டது. மறுநாள் காலையில் யாரும் எழுந்திருக்குமுன் வாசலுக்குப் போனேன். புழுதி படிந்த அந்த இரண்டு விளக்குகளுக்கும் எதிரே நின்று, அம்மாவை மன்னித்துவிடு என்று வேண்டிக்கொண்டு, அவளுக்கும் சேர்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.