அண்ணாவின் காசும் என் பெயரும்

அண்ணா எதையும் நேராகக் கேட்க மாட்டார். கனடாவிலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அழைப்பார். முதலில் வெயில் எப்படி என்று கேட்பார். பிறகு என் முழங்கால். பிறகு ஒழுங்கை முனை மரக்கறிக் கடைக்காரர் இன்னும் இருக்கிறாரா என்ற விசாரணை. தொலைபேசியை வைக்கப்போகிற நேரத்தில்தான் விஷயத்துக்கு வருவார். அன்றைக்கும் அப்படித்தான்.

"அது சரி, இந்த முறை வட்டி கொஞ்சம் குறைஞ்சு கிடக்குது போல?"

"வரி வெட்டுறாங்கள் அண்ணா. பாங்கிலயே வெட்டிப்போட்டு மிச்சத்தைத்தான் போடுறாங்கள்."

"முந்தியும் வெட்டினவங்கள் தானே. இது கூடக் குறைஞ்சிருக்கு."

"இப்ப கூட்டிப்போட்டாங்கள்."

"ஓ" என்றார்.

அந்த 'ஓ' எனக்குப் புதிதல்ல. சின்ன வயதில் அம்மா லட்டைப் பாதியாகப் பிய்த்துக் கொடுப்பார். அண்ணா தன் பங்கைப் பார்ப்பார், என் பங்கைப் பார்ப்பார், பிறகு இதே 'ஓ'வைச் சொல்லிவிட்டுச் சாப்பிடுவார். எனக்கு வயிறு எரியும். அறுபதைத் தாண்டிய பிறகும் எரிகிறது என்பதை அந்த ஞாயிற்றுக்கிழமை கண்டுகொண்டேன்.

விஷயம் இதுதான். கொழும்பில் ஒரு வங்கியில் என் பெயரில் ஒரு நிலையான வைப்பு இருக்கிறது. பெயர்தான் என்னுடையது, காசு முழுவதும் அண்ணாவுடையது. ஓய்வு பெற்றதும் ஊருக்கு வந்து, வெள்ளவத்தையில் கடல் பார்க்கிற மாதிரி ஒரு ஃபிளாட் வாங்குவதற்காக அவர் கொஞ்சம் கொஞ்சமாக அனுப்பிச் சேர்த்தது. அங்கேயை விட இங்கே வட்டி கூட. அவருடைய பெயரில் போட்டால் அங்கே வருமானம் என்று காட்டவேண்டும், அதற்கு அந்த நாட்டில் வரி கட்டவேண்டும். என் பெயரில் போட்டால் அவருக்கு ஒரு தொல்லையும் இல்லை. தொல்லை எல்லாம் எனக்கு. வட்டி விழுகிற ஒவ்வொரு முறையும் தொகையை அவருக்கு எழுதி அனுப்பவேண்டும்.

இதை ஏதோ நாங்கள் மட்டும் செய்கிற கள்ளவேலை என்று நினைக்கவேண்டாம். காலி வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்குகிற எங்கள் ஒழுங்கையில் பாதி வீடுகளில் இதே கதைதான். ஒருவருக்கு லண்டன் மருமகனின் வைப்பு, இன்னொருவருக்கு சுவிஸ் மச்சாளின் லொக்கர் சாவி. யாருடைய காசு யாருடைய பெயரில் என்று எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் கேட்பதில்லை. நான் ஒரு பல் வைத்தியரின் கிளினிக்கில் அரைநாள் வேலை பார்க்கிறேன். நோயாளிகளுக்கு நம்பர் கொடுப்பது, பில் போடுவது. தனிக்கட்டை. என்னுடையது என்று சொல்ல அந்தச் சம்பளமும் அதில் மிச்சம் பிடித்த கொஞ்சக் காசும் கழுத்துச் சங்கிலியும்தான். ஆனால் வங்கிக்குப் போனால் மனேஜர் எழுந்து நின்று கதிரை காட்டுவார்.

அடுத்த ஞாயிறு அண்ணா ஒரு யோசனையோடு அழைத்தார்.

"உனக்கென்ன பெரிய சம்பளமே? குறைஞ்ச வருமானக்காரருக்கு வெட்டின வரியைத் திருப்பிக் குடுக்கிறாங்களாம். கொட்டாஞ்சேனையில என்ர சிநேகிதன்ர மாமி எடுத்தவவாம். நீயும் ஒருக்காப் போய்க் கேளன்."

"அண்ணா, அவையிட்ட நாங்களாப் போய் நிண்டு..."

"போய்க் கேட்டால்தானே தெரியும், எவ்வளவு வெட்டினவங்கள் எண்டு."

அங்கேதான் குத்தியது. அவருக்குக் காசு திரும்பி வருவதல்ல முக்கியம். வெட்டியது அரசாங்கமா, நானா என்று தெரியவேண்டும். இதை அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது பிடித்திருப்பேன். கூடப்பிறந்தவர் என்னைக் கள்ளி என்று நினைக்கிறார் என்ற எண்ணம் வந்த பிறகு, ரசீது கேட்டாலும் சுடுகிறது, கேட்காவிட்டாலும் சுடுகிறது. போய் அந்த ரிஃபண்டை வாங்கி அவர் முகத்தில் எறிந்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

கீழ்வீட்டு அக்காவிடம் சொன்னபோது அவர் முகம் மாறிவிட்டது. லண்டன் மருமகனின் வைப்பு இவருடைய பெயரில்தான்.

"உமக்கென்ன விசரே? குளவிக் கூட்டுக்க கை வைக்கிறீர். திருப்பித் தாங்கோ எண்டு கேட்டால் ஃபைலைத் திறப்பாங்கள். திறந்தால் உம்மோட நிப்பாட்டுவாங்களே? இந்த ஒழுங்கை முழுக்க வருவாங்கள்."

அவரைக் குறை சொல்ல முடியாது. எனக்கும் அதே பயம்தான். பாணிலும் சவர்க்காரத்திலும் நாள்தோறும் வரி கட்டுகிறேன், அதற்கு ஒருவரும் என் பெயரைக் கேட்பதில்லை, அதனால் வலிப்பதும் இல்லை. பெயரும் விலாசமும் எழுதிக் கொடுக்கிற வரிதான் வலிக்கிறது. யுத்த காலத்தில் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், விருந்தாளி எத்தனை நாள் தங்குவார் என்று பொலிசில் எழுதிக் கொடுத்து வாழ்ந்த ஆட்கள் நாங்கள். அரசாங்கம் எங்கள் பெயரைக் கேட்டு ஏதாவது தந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. இப்போது எல்லோரும் வரி நம்பர் எடுக்கவேண்டும் என்று சட்டம் வந்தபோதும் ஒழுங்கையில் முதல் கேள்வி, "இது எதுக்குக் கேக்கிறாங்கள்?" என்பதுதான்.

ஆனாலும் லீவு போட்டு வரி அலுவலகத்துக்குப் போனேன். நான் ஏறிய ஓட்டோவை ஓட்டியவர் மாளிகாவத்தை முஸ்லிம் ஒருவர். வரிக் கந்தோருக்கு என்றதும் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"கட்டப் போறீங்களா?"

"இல்லை, எடுக்க."

"எடுக்கவா? அங்க கட்டப் போறவங்களத்தான் ஏத்தி இருக்கன். எடுத்துட்டு வந்தவங்க ஒருத்தரயும் நான் இன்னும் ஏத்தல்ல உம்மா."

இறங்கும்போது மிச்சக் காசைச் சில்லறை குறையாமல் எண்ணித் தந்தார். நானும் ஒருமுறை எண்ணிப் பார்த்தேன். அண்ணாவின் வியாதி எனக்கும் தொற்றிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

டோக்கன் எடுத்து, நெடுநேரம் இருந்து, கடைசியில் ஒரு மேசைக்கு முன்னால் உட்கார்ந்தேன். என் வயதுக்குக் கிட்டிய சிங்கள அம்மா ஒருவர். கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு என் வங்கிக் கடதாசிகளைப் புரட்டினார். கத்துவார் என்று எதிர்பார்த்துத் தயாராகப் போயிருந்தேன். அவர் கத்தவில்லை. "தண்ணி குடித்தீர்களா, வெளியே நல்ல வெயில்" என்று சிங்களத்தில் கேட்டார். உடனே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. வரிக் கந்தோரில் ஒருவர் எதற்காக இவ்வளவு அன்பாக இருக்கவேண்டும்?

அவர் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். எனக்கு ரிஃபண்ட் இல்லை. என் சம்பளம் சின்னதுதான், ஆனால் இந்த வட்டி மட்டுமே விலக்கு எல்லையைத் தாண்டிவிடுகிறது. வங்கி வெட்டியது போதாது, நான் இன்னும் கட்டவேண்டும். திருப்பி வாங்கப் போனவள் தலையில் புதிதாக ஒரு வரி ஏறியது. கீழ்வீட்டு அக்காவின் முகம் கண்ணுக்கு முன்னால் வந்து போனது.

அப்போதுதான் அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, குரலைத் தாழ்த்தி, அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"மே சல்லி ஒயாகேத, மிஸ்?"

இந்தக் காசு உங்களுடையதா என்று.  அவரே தொடர்ந்தார். பல் கிளினிக்கில் அரைநாள் வேலை செய்கிறவருக்கு இவ்வளவு பெரிய வைப்பு எப்படி என்று தான் குற்றமாகக் கேட்கவில்லையாம். இப்படிப் பலர் வருகிறார்களாம். உங்களுடைய ஆட்களுக்குக் கனடா, எங்களுடைய ஆட்களுக்கு இத்தாலி, தன்னுடைய அண்ணனும் அங்கேதான் என்று சொல்லிச் சிரித்தார். வேறு ஒருவருடைய காசு என்றால் அவர் தன்னுடைய காசு என்று எழுதிக் கொடுக்கட்டும், உங்களுக்கு இந்தச் சுமை வேண்டாம் என்றார்.

அவர் உண்மையாகத்தான் சொன்னாரோ, என் வாயைக் கிண்டுவதற்காகச் சொன்னாரோ, இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அவருக்கு இத்தாலியில் ஒரு அண்ணன் இருக்கிறாரா என்பதே சந்தேகம். ஆனால் ஒன்று தெரிந்தது. இல்லை என்று நான் சொன்னால் அடுத்த கேள்வி யாருடையது என்பது. அதற்குப் பதில் சொன்னால் அண்ணாவின் பெயர் ஒரு அரசாங்க ஃபைலில் ஏறும். அவர் அங்கே இத்தனை வருடம் மறைத்தது எல்லாம் என் வாயால் வெளியே வரும். என்னைக் கள்ளி என்று நினைக்கிற அதே அண்ணாதான். இருந்தாலும் காட்டிக்கொடுக்க எனக்கு வரவில்லை.

"ஒவ்" என்றேன். "மகே சல்லி." ஓம், என்னுடைய காசு.

 அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எங்கே கையெழுத்து வைக்கவேண்டும் என்று காட்டினார். அந்த மேலதிக வரியை என் சேமிப்பிலிருந்து கட்டினேன். அண்ணாவின் வட்டியில் கை வைத்து, அதற்கும் ஒரு 'ஓ' கேட்க எனக்குத் தெம்பு இருக்கவில்லை.

அந்த ஞாயிறு அவர் வெயிலைப் பற்றிக் கேட்பதற்கு முன்பே நான் எல்லாவற்றையும் சொன்னேன். ரிஃபண்ட் இல்லை என்பதையும், இன்னும் கட்டச் சொன்னதையும் கேட்டுக்கொண்டார்.

"ஆருடைய காசெண்டு கேட்டவ. என்ர காசெண்டு சொல்லிப்போட்டு வந்தனான்."

அந்தப் பக்கம் அண்ணா எழுந்து போய் அறைக் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. 

"எழுத்திலயும் குடுத்தனியோ?"

"ஓம். கையெழுத்து வச்சனான்."

"அப்ப அது என்ர காசு எண்டதுக்கு என்ன அத்தாட்சி இருக்கு?"

"நான்தான் அத்தாட்சி" என்றேன்.  வரியை எங்கிருந்து கட்டினாய் என்று அவர் கேட்கவே இல்லை. டிக்கெட் இப்போது மலிவாகத்தான் இருக்கிறது, ஒருமுறை வந்து போகலாம் என்று யோசிக்கிறேன் என்றார்.

எத்தனையோ வருடமாக அடுத்த கோடைக்கு வருகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்த மனிதர் ஒரு மாதத்துக்குள் வந்து இறங்கினார். எனக்குச் சொக்லேட்டும் முழங்காலுக்குப் பூசும் மருந்தும் கொண்டுவந்தார். நான் நண்டுக் கறி வைத்தேன். சாப்பிட்டுவிட்டுக் கண் கலங்கினார். அம்மாவின் கை என்றார். எனக்கும் கண் கலங்கியது, ஆனால் அவர் கலங்கியது கறிக்கா காசுக்கா என்ற யோசனை கூடவே வந்து அதைக் கெடுத்தது.

மறுநாள் காலை வங்கிக்குப் போனோம். என் பெயரிலிருந்து தன் பெயருக்கு மாற்றவேண்டும் என்று அவரே சொன்னார். சேலைச் சீருடையில் இருந்த தமிழ்ப் பிள்ளை மிகவும் மரியாதையாகப் பேசினாள்.

"மாத்தலாம் சேர். பாஸ்போர்ட் வேணும். பிறகு இதில நீங்கள் வரி கட்டுற நாடும், அங்கத்தைய வரி நம்பரும் எழுதோணும்."

"அது எதுக்கு?"

"வெளிநாட்டில இருக்கிற ஆக்களின்ர விவரம் அந்த நாட்டு வரிக் கந்தோருக்குப் போகும் சேர். இப்ப எல்லா இடத்திலயும் இப்பிடித்தான்."

அண்ணா பேனாவைக் கையில் எடுத்திருந்தார். அதை மெதுவாக மூடிச் சட்டைப் பைக்குள் செருகினார். வங்கியில் குளிர் போதுமான அளவு இருந்தும் அவருடைய நெற்றி வியர்த்திருந்தது. அண்ணா இவ்வளவு பயந்து நான் பார்த்ததில்லை. பாவமாக இருந்தது, சிரிப்பும் வந்தது.

பிள்ளை அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கும் ஏதோ சந்தேகம் வந்திருக்கவேண்டும்.

"அப்ப இது ஆருடைய காசு சேர்?"

வரிக் கந்தோரில் என்னைக் கேட்ட அதே கேள்வி.  இந்த முறை அவர் சொல்லட்டும்.

"தங்கச்சியின்ர காசுதான், பிள்ளை" என்றார் அண்ணா. "நான் சும்மா துணைக்கு வந்தனான்."

வைப்பு என் பெயரிலேயே இருந்தது. வெளியே வந்தோம். காலி வீதியில் பஸ்கள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு போயின. வீதியைக் கடக்கிற மஞ்சள் கோட்டுக்குக் கிட்ட வந்ததும் அண்ணா நின்றார்.

"நான் உள்ளுக்க அந்தப் பிள்ளைக்குச் சும்மா சொன்னது. உனக்கு விளங்கும்தானே?"

"விளங்குது அண்ணா. நானும் அண்டைக்கு அந்தக் கந்தோரில சும்மாதான் சொன்னனான். அது உங்களுக்கு விளங்கினதோ?"

அவர் வலது பக்கம் பார்த்தார், இடது பக்கம் பார்த்தார். பிறகு பள்ளிக்கூடம் போகிற காலத்தில் செய்வது போல என் கையைப் பிடித்துக்கொண்டு வீதியில் இறங்கினார். அந்தப் பக்கம் வந்து சேர்ந்த பிறகும் விடவில்லை. கையைப் பிடித்தது என் முழங்காலை நினைத்தா, நான் எங்காவது போய்விடாமல் இருக்கவா என்று யோசித்துக்கொண்டே வீடு வரைக்கும் அவருடன் நடந்தேன்.