கறுப்பு என் கமராவில் இல்லை

எனக்கு முதலில் அநியாயம் செய்தவர் சவரிமுத்து. அதை முதல் வரியிலேயே எழுதிவைக்கிறேன், பிறகு நான் மறந்துவிட்டேன் என்று யாரும் நினைக்கக்கூடாது. பாஸ்போட்டுக்கும் அடையாள அட்டைக்கும் படம் எடுக்கிற தொழில் பொல்லாத தொழில். முகம் அவரவருடையது, பிழை மட்டும் எங்களுடையது. சலூன்காரர், தையற்காரர், பல்லுக் கட்டுகிறவர் என்று அடுத்தவர் உடம்போடு மாரடிக்கிற எல்லாருக்கும் இது விளங்கும். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சவரிமுத்துவைப் பொறுக்கவேண்டாம்.

கோப்பை

திருகோணமலையில் துறைமுகத்துக்கு இறங்குகிற வீதியில் என் ஸ்ரூடியோ. ஒரு அறை, ஒரு வெள்ளைச் சுவர், ஒரு கதிரை, இரண்டு விளக்கு. வீதிக்கு அந்தப் பக்கம் சவரிமுத்துவின் தேத்தண்ணிக் கடை. தினமும் காலையில் முதல் ஆள் வருவதற்கு முன்னால் கதிரையில் ஒரு வெள்ளைப் பீங்கான் கோப்பையை வைத்துப் படம் எடுப்பேன். கோப்பை படத்திலும் வெள்ளையாக இருந்தால் அன்றைக்கு வருகிற முகங்களும் சரியாக இருக்கும். மஞ்சளடித்தால் விளக்கைத் திருத்துவேன். பெரிய படிப்புப் படித்தவர்கள் இதற்கு வேறு வழி வைத்திருப்பார்கள். என் வழி இதுதான். அந்தக் கோப்பைப் படங்கள் எல்லாம் திகதிவாரியாகக் கொம்பியூட்டரில் கிடக்கின்றன.

கோப்பை எங்கிருந்து வந்தது என்பதையும் மறைக்கவில்லை. முந்தி ஒருநாள் சவரிமுத்துவின் கடையிலிருந்து தேத்தண்ணியோடு வந்தது. அவர் திருப்பிக் கேட்கவில்லை, நானும் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை. ஒருநாள் வெள்ளென வந்த மீன்பிடிகாரர் ஒருவர், நான் குனிந்து கோப்பையைப் படம் பிடிப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு மெல்லக் கேட்டார்: “அண்ணை, கோப்பை எந்த நாட்டுக்குப் போகுது?”

கரி

சவரிமுத்து துறைமுகத்துக்குள் வேலை செய்கிறவர்களுக்கு வடையும் பணிசும் கொண்டுபோய்க் கொடுக்கிறவர். உள்ளே போக பாஸ் வேண்டும், பாசுக்கு வருசா வருசம் புதுப்படம் வேண்டும். எல்லாப் படமும் என் கையால் எடுத்தவை. போன வருசம் ஒரு திங்கட்கிழமை வந்து இருந்தார். எடுத்தேன், அச்சடித்தேன், நீட்டினேன். கன்னம் ஒட்டி, முகம் வறுத்த கோப்பிக்கொட்டை நிறத்தில் இருந்தது. கதிரையில் இருந்த முகமும் அதுதான்.

“என்ன ஐசே, என்ர முகத்தில கரி பூசி வச்சிருக்கிறீர்?” என்றார்.

“நீர் கொண்டுவந்த முகத்தைத்தான் தந்தனான்.”

“நான் நாள் முழுக்கத் தகரக் கூரைக்குக் கீழ நிக்கிறவன். வெயிலே படாத எனக்கு எங்கால கறுப்பு வரும்? உம்மட கமராவுக்குக் கண் தெரியேல்ல!”

அவர் கத்தும்போது வாய்க்குள்ளே கண்டேன். பல்லைச் சுற்றியிருக்கிற பல்முரசு நாவற்பழம் தின்றவனுடையதுபோல் கறுத்திருந்தது. அது நாவற்பழக் காலம் இல்லை. அன்றைக்கே ‘உம்மட வாயில என்ன?’ என்று கேட்டிருக்கலாம். கோபத்தில் கேட்கவில்லை. என் பக்கத்துப் பிழை அது ஒன்று, அதையும் எழுதிவிட்டேன்.

அவர் படத்தோடு வீதியைக் கடந்து போய், வடை வைக்கிற கண்ணாடிப் பெட்டியில் அதை ஒட்டினார். தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த அத்தனை பேருக்கும் கேட்கச் சொன்னார்: “இந்தப் படக்காரரிட்ட மனுசனாய்ப் போறவன் காகமாய்த்தான் திரும்பி வருவான்!”

கப்பல்துறைச் சோடி

அந்தக் கதை வீதி முழுக்கப் போய்விட்டது. நான் அவருடைய கடைத் தேத்தண்ணியை விட்டேன். சந்திவரை நடந்துபோய் வேறு கடையில் குடித்தேன். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அதே கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால், அதே ஆட்களுக்கு முன்னால், ‘படம் சரி, நான்தான் பிழை’ என்று அவர் வாயால் ஒரு வார்த்தை. நாற்பது வருசம் முகம் எடுத்தவனுக்கு அதைவிட என்ன சொத்து இருக்கிறது?

கப்பல்துறையிலிருந்து ஒரு புருசனும் பெண்சாதியும் பஸ்சில் வந்தார்கள். பெண்சாதிக்கு வயிற்றில் ஏழாம் மாதம். இரண்டு கன்னத்திலும் நெற்றியிலும் வரைபடம் போலக் கறுப்புத் திட்டு. வயிற்றுக்குள் பிள்ளை இருக்கும்போது உடம்பு சுரக்கிற சுரப்புக்களால் சிலருக்கு அப்படி வருமாம், மருத்துவிச்சி சொன்னதாக அவவே சொன்னா. புருசன் முன்கடையில் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தவர். படத்தைப் பார்த்ததும், “அங்க சொன்னது சரிதான். நீங்கள் கறுப்படிக்கிறீங்கள்” என்று துள்ளினார். பெண்சாதி தன் வயிற்றைத் தொட்டுக் காட்டினா: “இந்தக் கறுப்பு உங்களால வந்தது. ஐயாவை ஏன் ஏசுறியள்?”

உப்புவெளியிலிருந்து வந்த அம்மா

உப்புவெளியில் தங்கியிருந்த வெள்ளைக்கார அம்மா ஒருவர் விசா நீட்டப் படம் எடுக்க வந்தார். இரண்டு கிழமை மணலில் கிடந்து அவித்த நண்டாய்ச் சிவந்திருந்தார். படத்தில் தன்னை இன்னும் கொஞ்சம் மண்ணிறமாக்க முடியுமா என்று கையைக் காட்டிக் கேட்டார். என் தொழிலில் ஒருவர் கறுப்பை விரும்பிக் கேட்டது அதுதான் முதற்தடவை. அந்த நேரம் வாங்கில் ஒரு கலியாணப் பெண்ணும் தாயும் காத்திருந்தார்கள். மகளை இரண்டு மடங்கு வெள்ளையாக்கித் தரவேண்டும் என்பது தாயின் கோரிக்கை. இரண்டு பேருக்கும் ஏலாது என்றேன். தாய் ஒருதரம் வெள்ளைக்கார அம்மாவைப் பார்த்தா, ஒருதரம் மகளைப் பார்த்தா: “இவளின்ர நிறத்தில கொஞ்சம் வழிச்செடுத்து அவவுக்குப் பூசிவிடுங்கோவன். ரெண்டு பேரும் சந்தோசமாய்ப் போவினம்.”

கிண்ணியா நானா

கிண்ணியாவில் நெல் வியாபாரம் செய்கிற முஸ்லிம் நானா ஒருவர் மக்காவுக்கு உம்ராப் பயணம் போக என்று படம் எடுத்தார். பயணம் பிந்திப்போய், சில மாதம் கழித்து இன்னொரு படம் எடுக்க வந்தார். வாசலில் நின்றவரை எனக்கு மட்டுக்கட்ட முடியவில்லை. முதல் படத்தில் சப்பிய கன்னம், இப்போது பூரணை நிலவு. சேர்ட்டின் மேல் பொத்தான் கழுத்தைத் தொடவே மாட்டேன் என்கிறது.

“படக்கார ஐயா, உங்கட கமரா ஆளைக் கறுப்பாக்குமெண்டு முன்கடையில சொன்னாங்க. ஊதவும் வைக்குமா?” என்று கேட்டார்.

“நானா, நீங்கள் கதிரையில இருக்க முதலே கதிரை அழுதிட்டுது” என்றேன். குலுங்கிச் சிரித்தார், நல்ல மனுசன். மூட்டு வலிக்கு யாரோ கொடுத்த குளிசையை டொக்டரிடம் கேட்காமல் மாதக்கணக்காகப் போடுகிறாராம். வலி குறைந்தது, பசி கூடியது. மூன்று நேரம் தின்றவர் ஆறு நேரம் தின்கிறார். வீட்டுக் குசினியில் மனைவி சோற்றுப் பானையை மாற்றிவிட்டாவாம். போகும்போது பெருமூச்சு விட்டுச் சொன்னார்: “குளிசையைக் குடுக்கிறது மூட்டுக்கு. அது போய் வேலை செய்யிறது குசினியில.”

வடை

இதற்கிடையில் சவரிமுத்துவின் வடை உப்புக் கரிக்கிறது என்று செய்தி வந்தது. நான் அங்கே போகாவிட்டாலும் செய்தி என்னிடம் வரும், நான் தேடிப்போகவில்லை. மாவை வாயில் வைத்துப் பார்த்துவிட்டு “உப்புக் காணாது” என்று ஒரு பிடி போடுவாராம். பிறகும் பார்த்துவிட்டு இன்னொரு பிடி. சோற்றைக் கண்டால் முகத்தைத் திருப்புகிறவர், ஊறுகாய்ப் போத்தலை மட்டும் விடுவதில்லை. எலுமிச்சைத் தண்ணீரில் சீனிக்குப் பதில் உப்பைக் கரைத்துக் குடிக்கிறார். பெல்ற்றில் ஆணியால் புது ஓட்டைகள் போட்டிருக்கிறார்.

எனக்குச் சந்தோசமாக இருந்தது. பொய் சொல்லமாட்டேன். என் கமராவுக்குக் கண் தெரியவில்லை என்றவருக்கு நாக்குத் தெரியவில்லை. கிழிந்த வலை பொத்துகிற மரியதாஸ் சந்தியில் என்னைக் கண்டு முறைப்பட்டான்: “நீங்கள் கறுப்பைக் கூட்டுறியள், அவர் உப்பைக் கூட்டுறார். இந்த வீதியில நாங்கள் ஆரிட்டத்தான் போறது?”

வாசல்

என் படத்தைக் கண்ணாடிப் பெட்டியில் ஒட்டிய மனுசன், பாசுக்கு என்ன கொடுத்தார் தெரியுமா? அதற்கு இரண்டு வருசம் முந்தி நானே எடுத்த படத்தில் மிச்சமிருந்த ஒரு பிரதியை. அது நல்ல நிறம், நல்ல கன்னம். பாசும் வந்துவிட்டது. வடைப் பெட்டியோடு துறைமுக வாசலுக்குப் போனார். வழக்கமான காவலாளி லீவில் போக, புதிதாக வந்தவர் பாசைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார், திரும்பவும் பாசைப் பார்த்தார். இது நீங்கள் இல்லை என்றார். சவரிமுத்து விடுவாரா? பத்து மணி வெயிலில் நின்று வாதாடினார். வாதாடிக்கொண்டிருக்கும்போதே கண் செருகி, வடைப் பெட்டியோடு சரிந்தார். பிறகு ஒருநாள் அந்தக் காவலாளி என்னிடம் படம் எடுக்க வந்தபோது கவலையோடு சொன்னார்: “படத்தில இருக்கிறவரைக் கூட்டிக்கொண்டு வாங்கோ எண்டு மட்டும்தான் சொன்னனான் ஐயா. ஆள் விழுந்திட்டார்.”

ஆஸ்பத்திரி

அடுத்த நாள் சவரிமுத்துவின் மனைவி பிலோமினா வீதியைக் கடந்து வந்தா. வாசலிலேயே நின்றா. “அண்ணை, இவர் ஆஸ்பத்திரியில. பிறஷர் அடியில போயிட்டுது. ஏனெண்டு பிடிபடேல்லயாம். எப்ப தொடக்கம் இப்பிடிக் கறுத்து மெலிஞ்சவர் எண்டு டொக்டர் கேக்கிறா. நான் தினமும் பாக்கிறனான், எனக்குத் தெரியேல்ல. பழைய படம் இருக்கோ?”

அவரே வந்து கேட்கட்டும் என்று சொல்ல வாய் வந்தது. வருகிற நிலையில் ஆள் இல்லை. கொம்பியூட்டரைத் திறந்தேன். ஐந்து வருசத்து முகத்தையும் ஒரே தாளில் வரிசையாக அடித்தேன். ஒவ்வொரு முகத்துக்கும் கீழே, அன்றன்றைக்கு எடுத்த கோப்பையையும் அடித்தேன். கோப்பையை யாரும் கேட்கவில்லை. எனக்குத் தேவையாக இருந்தது.

தாளோடு நானும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். டொக்டர் ஒரு இளம் பிள்ளை. தாளைக் கட்டிலில் விரித்துப் பார்த்தா. மூன்று முகம் ஒரே நிறம், நாலாவது கொஞ்சம் மங்கல், ஐந்தாவது கோப்பிக்கொட்டை. கோப்பை ஐந்தும் ஒரே வெள்ளை. சவரிமுத்துவின் உள்ளங்கை ரேகையைப் பார்த்தா, உதட்டைத் தூக்கிப் பல்முரசைப் பார்த்தா. வெயில் வாய்க்குள் போய்க் கறுப்பாக்காது என்றா. நான் விடாமல் கேட்கக் கேட்கச் சொல்லித் தந்தா. சிறுநீரகத்துக்கு மேலே தொப்பி மாதிரி இரண்டு சுரப்பி இருக்கிறதாம். அது படுத்துவிட்டால், தலையிலிருந்து ‘சுர, சுர’ என்று கட்டளை மேல் கட்டளை வரும். அந்தக் கட்டளைச் சரக்குத்தான் தோலையும் கறுக்கவைக்கிறதாம். சவரிமுத்து முன்னுக்கு நின்று “ரெண்டு ரொட்டி!” என்று கத்த, குசினியில் ஆள் நித்திரை என்றால், வீதி முழுக்கச் சத்தம் கேட்குமே, அப்படித்தான் என்று நான் விளங்கிக்கொண்டேன். சுரப்பு இல்லாவிட்டால் பசி போகும், உடம்பு வற்றும், உடம்பில் உப்பு நிற்காமல் உப்பையே கேட்கும். வெயிலில் கிடக்கிறவருக்குத் தோலே அதே குடும்பத்துச் சரக்கைச் செய்துதான் கறுக்கிறதாம். அதன் இன்னொரு உறவு மூளைக்குள் இருந்து பசியை அடக்குகிறதாம். கிண்ணியா நானாவின் கதையைச் சொன்னேன். அவர் விழுங்குகிற குளிசை பெரும்பாலும் அந்தத் தொப்பிச் சுரப்பி சுரக்கிற சரக்கின் சாதிதான், அது கூடிப்போனால் முகம் ஊதும், பசி எடுக்கும். அவராக நிப்பாட்டினாலும் ஆபத்து, உடனே வரச் சொல்லுங்கள் என்றா. அன்றைக்கே நானாவுக்குச் சொல்லியனுப்பினேன்.

சவரிமுத்துவின் கையில் உப்புத் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. கண்ணை மூடிக்கிடந்தார். நித்திரை இல்லை. ஆயிரம் கண்ணை ‘மூடாதீங்கோ’ என்று சொல்லிச் சொல்லி எடுத்தவன் நான், இமை துடிப்பது எனக்குத் தெரியாதா? டொக்டர் கோப்பையைப் பற்றிக் கேட்டா, சொன்னேன். சிரித்துக்கொண்டே தாளை மடித்து ஆஸ்பத்திரிக் கொப்பிக்குள் வைத்தா: “இரத்தத்தைப் பாத்துத்தான் முடிவு சொல்லலாம். ஆனால் ஐயா, உங்கட கோப்பை எனக்குப் பாதி வழி காட்டிப்போட்டுது.”

கண்ணாடிப் பெட்டி

இரத்தமும் கோப்பை சொன்னதையே சொன்னது. குளிசை தொடங்கி மாதங்கள் போக, சவரிமுத்துவின் முகத்தில் கறுப்பு வடிந்தது, கன்னம் நிரம்பியது. பெல்ற்றில் பழைய ஓட்டைக்கே திரும்பினார். வடையில் உப்புச் சரி என்று மரியதாஸ் சொன்னான். நான் இன்னும் சந்திக்குத்தான் நடந்தேன்.

இந்த வருசம் பாஸ் புதுப்பிக்க, ஒரு திங்கட்கிழமை காலையில் வந்து நின்றார். நான் கோப்பையைப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். கோப்பையை எடுத்து மேசையில் வைத்துவிட்டுக் கதிரையில் இருந்தார். எடுத்தேன், அச்சடித்தேன், நீட்டினேன். வாங்கிப் பார்த்தார். “வாரும்” என்றார். பின்னாலே போனேன். ஒரு வருசத்துக்குப் பிறகு அந்தக் கடைப் படியில் கால் வைத்தேன். அதே ஆட்கள், அதே வாங்கு. சவரிமுத்து கண்ணாடிப் பெட்டியிலிருந்து பழைய படத்தை நகத்தால் சுரண்டி எடுத்தார். புதுப்படத்தை அதே இடத்தில் ஒட்டினார். தொண்டையைச் செருமினார். எல்லாரும் தேத்தண்ணியைக் கீழே வைத்தார்கள். நான் சேர்ட்டை இழுத்து நேராக்கிக்கொண்டேன்.

“பாத்தியளே,” என்றார், “படக்காரருக்கு இப்பதான் படம் எடுக்கப் பிடிபட்டிருக்குது.” பிறகு என் பக்கம் திரும்பினார்: “அதோட ஐசே, அந்தக் கதிரையில இருந்தது என்ர கடைக் கோப்பையல்லோ?”

கோப்பையை அன்றைக்கே கழுவிக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். எனக்கு வரவேண்டிய வார்த்தை மட்டும் இன்னும் வீதியைக் கடக்கவில்லை.