மாமல்லபுரம் மணலில் ஒரு நாஸ்தா கடை

இந்தத் தளத்தில் நான் எழுதுவது பெரும்பாலும் கோயில், கடற்கரை, மீன் சாப்பாடு என்றுதான் இருக்கும். இந்த முறை கதை வேறு. ஒரு சமையலறையின் தரையை எங்கே உடைப்பது என்று முடிவு செய்ய, போன ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் முழுக்க ஊர் சுற்றினோம். சிரிக்காதீர்கள், முழுசாகப் படியுங்கள்!

விஷயம் இதுதான். கார் கண்ணாடி செய்யும் கம்பெனியில் பதினோரு வருஷம் அசெம்பிளி லைனில் நின்றவள் நான். வேலையை விட்டுவிட்டு, சிங்கப்பெருமாள் கோயிலில் தொழிற்பேட்டைக்குப் போகும் சாலையில் நாஸ்தா கடை போடுகிறேன். என் வீட்டுக்காரர் ஜெபராஜ் கல்யாண சமையல் மாஸ்டர். ஷெட் பிடித்தாயிற்று, என் பி.எஃப். பணம் முழுவதும் அதில் போயாயிற்று. மறுநாள் திங்கள் காலை எட்டு மணிக்குக் கொத்தனார் வந்து கழிவுநீர்க் குழாய்க்குத் தரையை உடைப்பதாக ஏற்பாடு, அதோடு கேஸ் லைனையும் தரைக்குள் பதித்துவிடுவார்கள். அதற்கு மேல் கான்கிரீட், டைல்ஸ். அப்புறம் அடுப்பை இந்தப் பக்கம் நகர்த்தலாமா என்று யோசிக்கவே முடியாது.

ஆனால் எங்களுக்குள் ஒத்துவரவில்லை. அவருக்கு நடுவில் பெரிய அடுப்பு வேண்டும், எல்லாரும் அதைச் சுற்றி நின்று கேட்டதைக் கேட்டபடி செய்துகொடுக்க வேண்டும். எனக்கு நேர்கோடு. ஒரு முனையில் தட்டு, அடுத்து இட்லி, சாம்பார், சட்னி, வடை, மறு முனையில் தட்டை வாங்கிக்கொள்ளும் ஆள். காலை ஆறு மணிக்கு எங்கள் ஷெட்டுக்கு எதிர் ஸ்டாப்பிங்கில் கம்பெனி பஸ்ஸுக்காக நிற்பவர்களிடம் பத்து நிமிஷம்கூட இருக்காது. சனிக்கிழமை ராத்திரி வரை வீட்டில் ஒரே பேஜாரு. “நாளைக்கு நாலு எடம் பாத்துட்டு வந்துரலாம்” என்றேன். எங்கள் தெருவிலேயே இருக்கும் செல்வி, கடையில் தட்டு கழுவ வருவதாக ஒத்துக்கொண்டவள், “கடலு பாக்கறதுன்னா நானும் வர்றேன்க்கா” என்று சேர்ந்துகொண்டாள்.

சர்ச்சில் முதல் ஆராதனை முடித்துவிட்டு 8.50-க்கு மின்சார ரயிலில் பொத்தேரி. எட்டு கிலோமீட்டர் போல இருக்கும், டிக்கெட் ஐந்து ரூபாய். அங்கே காலேஜ் ஹாஸ்டல் பிள்ளைகள்தான் கூட்டம்; அவர்கள் ஞாயிற்றுக்கிழமை ஒன்பதரைக்கு முன்னால் எழுந்திருப்பதில்லை, அதனால் அவசரப்பட்டுப் போகாதீர்கள். ஒரு சின்ன மெஸ்ஸில் ஒரே தோசைக்கல், ஒரே மாஸ்டர். ஒருவனுக்குப் பொடி தோசை, ஒருவனுக்கு வெங்காயம் இல்லாமல், இன்னொருவனுக்கு ரெண்டு முட்டை. அடடா, அந்த ஆள் கை என்ன வேகம்! ஆனாலும் எனக்குத் தோசை வர இருபது நிமிஷம்.

“இப்டி லேட்டானா பசங்க கத்த மாட்டாங்களா?” என்று கேட்டேன்.

“அதுங்களுக்கு இன்னா அவசரம்? ரீல்ஸ் பாத்துகினு கீதுங்க” என்றார் மாஸ்டர்.

கேட்டபடி ஒவ்வொன்றாகச் செய்வதும் ஒரு முறைதான். காத்திருக்க நேரம் உள்ளவர்களுக்கு அது. எங்கள் ஆட்களுக்கு ஷிப்ட் தவறிவிடும். நான் ஜெயித்தேன் என்று வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் வேண்டுமென்றே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

திரும்ப ரயில் பிடித்து செங்கல்பட்டு, அங்கிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் பஸ். முப்பது கிலோமீட்டர், ஒரு மணி நேரம். இடது பக்க ஜன்னல் கிடைத்தால் விடாதீர்கள். பன்னிரண்டே காலுக்கு இறங்கியதுமே உளிச் சத்தம் காதில் விழுந்தது. ஒரு பட்டறையில் ஆளுயர நந்தி ஒன்று அசையாமல் நடுவில் உட்கார்ந்திருக்க, நாலு பேர் அதைச் சுற்றிச் சுற்றி வேலை செய்துகொண்டிருந்தார்கள். பக்கத்துக் கொட்டகையில் கையடக்கப் பிள்ளையார்கள். ஒருவர் கல்லை அறுக்கிறார், அடுத்தவர் தும்பிக்கை, அதற்கடுத்தவர் பாலீஷ். பிள்ளையார்தான் கைமாறிக்கொண்டே போகிறார்!

“ஏன் ரெண்டு எடத்துல ரெண்டு மாதிரி?” என்று நந்தி பக்கத்தில் நின்றவரைக் கேட்டேன்.

“இத்த நவுத்தணும்னா கிரேன் வரணும்மா. நாங்க சுத்தி வர்றதுக்கு எவனும் வாடகை கேக்க மாட்டான்.”

என் வீட்டுக்காரருக்கு வாயெல்லாம் பல். “பாத்தியா? நடுவுல அடுப்பு, சுத்தி ஆளு!” அவர் நந்தியைப் பார்த்தார், நான் பிள்ளையாரைப் பார்த்தேன். சண்டை பட்டறையிலிருந்து மீன் கடை வரை வந்தது. வஞ்சிர வறுவல் அருமை என்பதை மட்டும் மூன்று பேரும் ஒத்துக்கொண்டோம்.

நாலு மணிக்குக் கடற்கரை. தண்ணீர் பின்வாங்கி, ஈர மணல் சிமென்ட் போட்ட மாதிரி கெட்டியாகக் கிடந்தது. எனக்குச் சட்டென்று தோன்றியது. “வாயால பேசுனது போதும். இங்கயே கடைய போட்ருலாம்!” என்று குடைக் காம்பால் கோடு இழுத்தேன். இருபதுக்கு முப்பது அடி, எங்கள் ஷெட்டின் அதே அளவு. செருப்புகள் அடுப்பு, தேங்காய் ஓடு இட்லிப் பானை, ஓலைத் துண்டுகள் தட்டு. பின்மூலையில் தண்ணீர் பாட்டிலை வைத்து, அதுதான் கழுவுற தொட்டி என்றேன்.

“நீ தொட்டிகிட்ட நில்லு செல்வி” என்றேன்.

“போக்கா! இன்னிக்கு ஞாயித்துக்கெழம, எனக்கு லீவு. நான் தோச மாஸ்டரு” என்று செருப்பு அடுப்பு முன்னால் போய் நின்றுகொண்டாள். வேறு வழியில்லை, தட்டு கழுவ நான்.

வேடிக்கை பார்க்கக் கூட்டம் சேர்ந்தது. சுண்டல் விற்பவர் ஒருவர் தூக்கைக் கீழே வைத்துவிட்டு முதல் ஆளாக நின்றார். “அண்ணாத்த, ரெண்டு இட்லி ஒரு வட. பஸ்ஸு வந்துகினு கீது, சீக்கிரம்!” அவர் பின்னால் சுற்றுலா வந்த ஒரு குடும்பமே வரிசை கட்டியது.

முதலில் வீட்டுக்காரரின் திட்டம். இரண்டே நிமிஷத்தில் சாம்பார் வாளியோடு திரும்பியவரும் தட்டோடு வந்த நானும் நேருக்கு நேர் முட்டிக்கொண்டோம். நிஜ சாம்பாராக இருந்தால் ஆஸ்பத்திரிதான். அடுத்து என் நேர்கோடு. அது பறந்தது! சுண்டல்காரர் குறும்பாக, “எனக்கு ஒரு பொடி தோச” என்று கேட்கும் வரைதான். தோசை வேகும் வரை அவருக்குப் பின்னால் நின்ற மொத்தக் குடும்பமும் நின்றது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. பதினோரு வருஷ அனுபவமாம்!

மூன்றாவது முறை இரண்டையும் கலந்தோம். பஸ் வருவதற்கு முன்பே வெந்து தயாராக இருக்கும் இட்லி, பொங்கல், வடை நேர்கோட்டில். தோசைக்கல் தனியாக ஓரத்தில், காத்திருக்க நேரம் உள்ளவர் அங்கே ஒதுங்கிக்கொள்ளலாம். ஆஹா! வரிசை வழுக்கிக்கொண்டு போனது. கூட்டம் கைதட்டியது. வீட்டுக்காரர் எல்லார் முன்னாலும் என் தோளைத் தட்டினார், எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

நான் மட்டும் மூச்சு வாங்கிக்கொண்டு கீழே உட்கார்ந்தேன். அப்போதுதான் மணலைப் பார்த்தேன். வீட்டுக்காரரின் கால் தடம் ஒரே இடத்தில் குவிந்திருந்தது. செல்வியின் தடம் தோசைக்கல்லை விட்டு அசையவில்லை. என் தடம் மட்டும் முன்னாலிருந்து பின்மூலைக்கும், பின்மூலையிலிருந்து முன்பக்கத்துக்கும் மாட்டு வண்டித் தடம் மாதிரி பள்ளம் விழுந்து கிடந்தது. சாப்பிட்ட தட்டு பின்னால் போகிறது, கழுவிய தட்டு முன்னால் வருகிறது. அடுப்புக்கு அத்தனை சண்டை போட்டவர்கள், மூன்று திட்டத்திலும் தொட்டியைப் பின்மூலையிலேயே வைத்திருந்தோம். அது ஒன்றில் மட்டும் எங்களுக்குள் சண்டையே வரவில்லை.

“தொட்டி முன்னாடி வரணும்” என்றேன்.

“எச்ச தட்டு கழுவறத முன்னாடி வெச்சா எவன் உள்ள வருவான்? ஊர் ஒலகத்துல எல்லா வூட்லயும் பின்னாடிதான கீது?” என்றார் அவர்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. எங்கம்மா கல்யாண மண்டபங்களில் பாத்திரம் கழுவியவர். போவதும் வருவதும் பின்வாசல் வழியாகத்தான். எத்தனையோ கல்யாணத்துக்குப் போயும் ஒரு தாலி கட்டுவதைக்கூட அவர் பார்த்ததில்லை. “நம்ம காசுல, நம்ம கைல கோடு போட்டு, நாமளே ஒருத்திய கொண்டுபோய் பின்னாடி தள்றோம். தெரியுதா?” என்றேன்.

அவர் பாட்டிலை எடுத்துக்கொண்டு வந்து முன்பக்கக் கோட்டின் ஓரத்தில் வைத்தார். நெஞ்சு உயரத்துக்குக் கையால் காட்டி, “இம்மாம் செவுரு எழுப்பிக்கலாம். தட்டு தெரியாது, ஆளு தெரியும். ரோட்டு சாக்கடையும் இந்தப் பக்கம்தான் கீது, பைப்பும் கம்மி” என்றார். நாலாவது முறை ஓடிப் பார்த்தோம். எனக்கு மூச்சே வாங்கவில்லை!

கிளம்பும் முன் போனில் படம் எடுத்துக்கொண்டோம். 6.15 பஸ், எட்டரைக்கு வீடு.

நீங்களும் கடையோ பட்டறையோ போடுவதாக இருந்தால் இந்த வழியில் ஒரு சுற்று வாருங்கள். மூன்று பேருக்கு டிக்கெட், சாப்பாடு எல்லாம் ஆயிரத்து இருநூறுக்குள் முடிந்தது. கடற்கரைக் கோயிலுக்கு வடக்குப் பக்க மணல் தோதானது, ஆனால் கடலில் இறங்க வேண்டாம், இழுப்பு அதிகம். நிஜ அளவிலேயே கோடு போடுங்கள். உங்கள் கடையில் நீங்கள் செய்யவே போகாத வேலை எதுவோ, அதை அன்றைக்கு நீங்கள் செய்து பாருங்கள்.

திங்கள் காலை கொத்தனார், “தொட்டி பின்னாடிதானம்மா?” என்று கேட்டுக்கொண்டே கடப்பாரையோடு பின்மூலைக்கு நடந்தார். கூப்பிட்டு நிறுத்தி, முன்பக்கம் காட்டினேன். அவர் என் வீட்டுக்காரரைப் பார்க்க, “அவங்க சொல்றதுதான்” என்றார் இவர்.

செல்வி போய் அந்த இடத்தில் நின்று பார்த்தாள். கையைத் தொட்டி உயரத்துக்கு வைத்து, நிமிர்ந்து சாலையைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

“விமலாக்கா, இங்கேந்து ஸ்டாப்பிங் முழுசா தெரியுது. ஜனம் சேர்றப்பவே நான் கொரல் குடுக்கறேன், நீங்க இட்லிய எறக்கிடுங்க.”